பவர்லைன் அடாப்டர்: பெட்டியில் 600, மாடியில் 30 வருவது ஏன்?

ரூட்டர் கீழே கூடத்தில், வேலை செய்யும் மேசை மாடியில், நடுவே கான்கிரீட் தளம். வைஃபை எட்டாத இப்படிப்பட்ட வீட்டுக்கு, சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் மின்கம்பி வழியாகவே இணையத்தை அனுப்பும், ரூட்டர் பக்கம் ஒன்றும் மாடியில் ஒன்றுமாக ஜோடியாகச் செருகும் பவர்லைன் அடாப்டர் நல்ல தீர்வுதான். ஆனால் வாங்கியவர்களில் பலர் ‘வேகமே வரவில்லை’ என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் குறை பெட்டிக்குள் இருப்பதில்லை, அதைச் செருகிய இடத்தில்தான் இருக்கிறது. அதனால் இந்த மதிப்பீட்டில் பாதி அடாப்டரைப் பற்றியது, மீதி உங்கள் வீட்டு வயரிங்கைப் பற்றியது.

முதலில் பெட்டியில் அச்சிட்ட எண். டிபி-லிங்க்கின் டிஎல்-பிஏ4010 மாடலில் ‘ஏவி600’ என்று போட்டிருக்கும். அந்த 600 எம்பிபிஎஸ் என்பது இரண்டு அடாப்டர்களுக்கும் இடையே கம்பியில் ஓடும் கச்சா வேகத்தின் உச்ச வரம்பு. போவதும் வருவதும் ஒரே கம்பியில் மாறி மாறி நடப்பதால், பிழைதிருத்தம் எல்லாம் போக, கைக்கு வருவது அதில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான். அதைவிட முக்கியமான ஒன்று, இந்த மாடலில் உள்ள லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் வகை. எவ்வளவு நல்ல வயரிங் இருந்தாலும் 95-ஐத் தாண்டாது. 200 எம்பிபிஎஸ் பிளான் வைத்திருப்பவர் இதை வாங்கினால் ஏமாற்றம் நிச்சயம். 50 எம்பிபிஎஸ் பிளானுக்குத் தாராளமாகப் போதும். அடுத்த படியான டிஎல்-பிஏ7017 (ஏவி1000) கிகாபிட் போர்ட்டுடன் வருகிறது. வாங்குவதென்றால் குறைந்தது இந்த வகையில் வாங்குங்கள்.

டிஎல்-டபிள்யூபிஏ4220 போன்ற, வைஃபையும் சேர்ந்த மாடல்களில் இன்னொரு குழப்பம் உண்டு. அதன் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும். பக்கத்து வீட்டு ரூட்டர்களின் நெரிசலில் வைஃபை திணற, பழி மின்கம்பி மேல் விழுகிறது. அதனால் சோதனை எல்லாவற்றையும் லேன் கேபிளில்தான் செய்ய வேண்டும்.

சோதனைக்கு ஒரு வரிசை உண்டு. ரூட்டரில் லேப்டாப்பை லேன் கேபிளில் நேராக மாட்டி வேகம் பாருங்கள். அங்கேயே குறைவென்றால் அடாப்டரை விட்டுவிடுங்கள், இணைய நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். அடுத்து, இரண்டு அடாப்டர்களையும் ஒரே அறையில், பக்கத்துப் பக்கத்து பிளக் பாயிண்டில் செருகிப் பாருங்கள். அங்கே வேகம் நன்றாக இருந்தால் பொருள் நல்ல பொருள், அங்கேயும் குறைவென்றால் மாற்றிக் கேளுங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் யாரும் திருப்பி அனுப்பக் கூடாது. அதன் பிறகுதான் ஒன்றை மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டில் இரண்டு கணினி இருந்தால் ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் மென்பொருளைப் போட்டு இரண்டுக்கும் இடையில் அளப்பது இன்னும் சரி, ஏனெனில் இணைய நிறுவனத்தின் ஏற்ற இறக்கம் அதில் கலக்காது. கிகாபிட் அடாப்டரிலும் சரியாக 94, 95-லேயே வேகம் நின்றுவிட்டால் லேன் கேபிளைச் சந்தேகியுங்கள். எட்டு கம்பிகளில் ஒன்று முனைப் பிளக்கில் சரியாக உட்காராவிட்டாலும் இணைப்பு 100-க்கு இறங்கிவிடலாம்.

இனி மாடியில் ஏன் 30 என்பதற்கு வருவோம். முதல் குற்றவாளி எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதிலும் ஸ்பைக் பஸ்டர். வடிகட்டி உள்ள ஒரு ஸ்பைக் பஸ்டரைத் திறந்தால், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே நீல வட்டு ஒன்றும், ‘எக்ஸ்2’ என்று அச்சிட்ட மஞ்சள் சதுர கெபாசிட்டர் ஒன்றும் இருக்கும். அந்த மஞ்சள் சதுரம் 0.1 மைக்ரோஃபேரட் என்று வையுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அது ஏறத்தாழ 32,000 ஓம் தடை, அதாவது இருப்பதே தெரியாது. பவர்லைன் சிக்னலோ 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடுவது. 10 மெகாஹெர்ட்ஸில் அதே கெபாசிட்டர் ஓரிரு ஓம்தான். சிக்னல் மாடிக்குப் போவதற்குப் பதில் அங்கேயே குறுக்கே பாய்ந்து முடிந்துவிடும். எனவே அடாப்டரைச் சுவர் பாயிண்டில் நேராகச் செருக வேண்டும். ஸ்பைக் பஸ்டர் வேண்டும் என்றால், முகப்பில் பிளக் பாயிண்ட் உள்ள பாஸ்த்ரூ மாடலை வாங்கி, அதன் முகப்பில் ஸ்பைக் பஸ்டரை மாட்டுங்கள். அந்த பாயிண்டுக்குப் பின்னால் வடிகட்டி வைத்திருக்கிறார்கள், மின் சத்தம் (சிக்னலைக் கலைக்கும் குறுக்கீடு) கம்பிக்குத் திரும்ப வராது.

இரண்டாவது, நம் ஊர் வீடுகள் பலவற்றில் உள்ள மூன்று ஃபேஸ் விவகாரம். கூடம் ஒரு ஃபேஸில், மாடி இன்னொரு ஃபேஸில் இருந்தால் இரண்டின் ஃபேஸ் கம்பிகளுக்கும் நேரடித் தொடர்பே இல்லை. கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும் இடங்களில் கசிந்து தாவும் சிக்னலை வைத்துத்தான் அடாப்டர் ஓட்டுகிறது. 30 வருவதே பெரிய காரியம். கண்டுபிடிப்பது சுலபம்: ஒரு ஃபேஸ் போனால் எந்த அறைகள் சேர்ந்து அணைகின்றன என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வோல்டேஜ் குறையும்போது செலக்டர் சுவிட்சைத் திருப்பி ஃபேஸ் மாற்றும் வீடுகளில், நேற்று 90 இன்று 25 என்று வேகம் ஆடுவதற்கும் இதுவே காரணம். எலக்ட்ரீஷியனை அழைத்து, மெயினை அணைத்து, மெயின் போர்டில் அந்த இரண்டு அறைகளின் எம்சிபியையும் ஒரே ஃபேஸுக்கு மாற்றச் சொல்லலாம். லோடு பார்த்து மாற்ற வேண்டிய வேலை, நாமே கை வைக்கக் கூடாது.

இன்வெர்ட்டர் லைனும் அப்படித்தான். ஒரு அடாப்டர் இன்வெர்ட்டர் வழியாக வரும் பாயிண்டிலும் மற்றது நேர் ஈபி லைனிலும் இருந்தால் நடுவே இன்வெர்ட்டரின் ரிலேயும் சர்க்யூட்டும் உட்கார்ந்திருக்கும். இரண்டும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். இரண்டையும் இன்வெர்ட்டர் பக்கம் வைத்தால் மின்தடையிலும் நெட் ஓடும். ஆனால் சதுர அலை இன்வெர்ட்டர் என்றால் பேட்டரியில் ஓடும்போது சத்தம் ஏறி வேகம் இறங்கலாம்.

மூன்றாவது, மின் சத்தம். ரூட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1, தொடர் பிங் (பதில் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் கணினிக் கட்டளை) போட்டுவிட்டுச் சமையலறையில் மிக்ஸியை ஓட விடுங்கள். 3, 4 மில்லிசெகண்ட் என்று அமைதியாக ஓடிய வரிகள் திடீரென 60, 120 என்று எகிறும், நடுநடுவே ‘டைம்டு அவுட்’ விழும். சட்னி அரைத்து முடித்ததும் பழையபடி அடங்கும். மிக்ஸி மோட்டாரின் கார்பன் பிரஷ்களில் பறக்கும் தீப்பொறியின் வேலை அது. ஆனால் மிக்ஸி ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும். நாள் முழுக்க ஓடும் மலிவான எல்இடி பல்பு, விலை குறைந்த மொபைல் சார்ஜர், ஃபேனின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் ஆகியவைதான் உண்மையான தொல்லை. ஒவ்வொன்றாக அணைத்து, பத்து விநாடி பிங்கைக் கவனியுங்கள். ஆள் அகப்படுவார். சார்ஜரை அடாப்டருக்குப் பக்கத்து பாயிண்டிலிருந்து எடுத்து வேறு அறைக்கு மாற்றினாலே பல வீடுகளில் சரியாகிவிடும்.

டிஎல்-பிஏ9020 போன்ற ஏவி2000 மாடல்களுக்கு அதிக விலை கொடுப்பவர்கள் எர்த்தைக் கவனிக்க வேண்டும். இவை ஃபேஸ், நியூட்ரலோடு எர்த் கம்பியையும் சேர்த்து இரண்டு தடங்களில் அனுப்பும் மைமோ வகை. வெளிநாட்டு பின் உள்ள அடாப்டரை இரண்டு பின் கன்வெர்ட்டர் வழியாகச் செருகினால் எர்த் தொடாது, இரண்டாவது தடம் போய்விடும். எர்த்தே இழுக்காத பழைய வீட்டில் இந்த மாடல் வீண் செலவு.

இணைப்பது சுலபம். ஒன்றின் ‘பேர்’ (Pair, ஜோடி சேர்க்கும்) பட்டனை ஒரு நொடி அழுத்தி, இரண்டு நிமிடத்துக்குள் மற்றதையும் அழுத்தினால் போதும். அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது. பல அடாப்டர்கள் ‘ஹோம்பிளக்ஏவி’ என்ற ஒரே பொது நெட்வொர்க் பெயரோடு தொழிற்சாலையிலிருந்து வருகின்றன, சிக்னலோ மீட்டரைத் தாண்டிக் கசியக் கூடியது. ஜோடி சேர்த்தால் உங்களுக்கென்று தனிச் சாவி உருவாகி, 128 பிட் ஏஇஎஸ் மறையாக்கப் பூட்டு உண்மையிலேயே பூட்டாகும்.

ஏற்கெனவே ஒரு ஜோடி இருந்து, மூன்றாவது ஒன்றைச் சேர்க்க நினைத்தால் பெட்டியில் ‘ஜி.எச்என்’ என்று இருக்கிறதா பாருங்கள். புதிய மாடல்கள் சில அந்தத் தரத்தில் வருகின்றன. இதுவரை பார்த்த ஏவி மாடல்களின் தரமான பழைய ஹோம்பிளக் ஏவி, ஏவி2 அடாப்டரோடு அவை பேசாது. சேர்த்தாலும் மூன்றும் அதே கம்பியின் வேகத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும்.

சுவருக்குள் காலி பைப் இருந்து ஒரு கேட்6 கேபிள் இழுக்க வழியிருந்தால் அதையே இழுங்கள், எந்த பவர்லைனும் அதற்கு ஈடாகாது. வழியே இல்லாத வீட்டுக்கு, ஒரே ஃபேஸ், நேர் சுவர் பாயிண்ட் என்ற இரண்டும் அமைந்தால், ஏவி1000 ஜோடி ஒன்றைத் தயங்காமல் வாங்கலாம். திருப்பி அனுப்பும் கெடு உள்ள கடையில் வாங்கி, அந்த நாட்களுக்குள் மிக்ஸி ஓடும் காலை நேரத்திலும் ஒரு முறை சோதித்துவிடுங்கள்.