68 கிராம் என்று விற்றார்கள், தராசில் 164: ஃப்ளை ரீல் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

6,800 ரூபாய் போனதைவிட, அந்த ரீலைக் கோயம்புத்தூரிலிருந்து இமாசலம் வரை சுமந்துகொண்டு போய், ஆற்றில் இறங்கிய பிறகுதான் அது எப்படிப்பட்ட சாமான் என்று தெரிந்துகொண்டேனே, அதுதான் இன்னும் உறுத்துகிறது. விற்றவர் பெயரை இங்கே போடப் போவதில்லை. இதே சரக்கு நாலைந்து கடைப் பெயர்களில் இணையத்தில் சுற்றுகிறது. பெயரைவிட, ஏமாற்றின விதம் தெரிந்தால்தான் உங்களுக்கு உபயோகம்.

பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு பறக்கும், தங்கூஸ் அதன் பின்னால் ஓடும். ஃப்ளை ஃபிஷிங்கில் ஈயம் கிடையாது. முள்ளில் கட்டியிருப்பது இறகும் நூலும்தான், ஊதினால் பறந்துவிடும். இங்கே எடை இருப்பது கயிற்றில். அதனால்தான் கம்புக்கும், அதன் அடியில் கயிறு சுற்றி வைக்கிற ரீலுக்கும் கயிற்றின் எடையை வைத்து நம்பர் போடுகிறார்கள். முதல் 30 அடிக் கயிறு 5 நம்பரில் 140 கிரெய்ன், அதாவது 9 கிராம். 2 நம்பரில் 80 கிரெய்ன், 5.2 கிராம். முக்கால் பவுன்கூடத் தேறாது. இவ்வளவு லேசான கயிற்றை வீசுகிற கம்பும் லேசாகத்தான் இருக்கும். என் ஆறரை அடி 2 நம்பர் கம்பு 62 கிராம். அதன் அடியில் கனமான ரீலைத் தொங்கவிட்டால் கையில் கம்பு இருப்பதே தெரியாது, ரீல் மட்டும்தான் தெரியும்.

ஆகவே லேசான ரீலாகத் தேடினேன். கிடைத்த விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: 2/3 நம்பர், சிஎன்சியில் (கணினி ஓட்டுகிற கடைசல் இயந்திரத்தில்) கடைந்த அலுமினியம், எடை 68 கிராம். படத்தில் கடைசல் கோடுகள் பளபளவென்று மின்னின. பிப்ரவரியில் ஆர்டர் போட்டேன், நாலு நாளில் வந்துவிட்டது.

பெட்டியைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்காரி கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கா எடை கம்மின்னு சொன்னீங்க?" என்றாள். எனக்கும் கனமாகத்தான் பட்டது. ஆனால் புதுச் சாமான் வந்த சந்தோஷத்தில் இருந்தேன். சமையலறையில், அவள் கேக்குக்கு மாவு அளக்கிற டிஜிட்டல் தராசு பத்தடி தூரத்தில் இருந்தது. வைத்துப் பார்க்கவில்லை.

அடுத்து இன்னொரு முட்டாள்தனம். என் கம்பில் ரீலைப் பிடிப்பது திருகு அல்ல, கார்க்கின் மேல் நகரும் வெறும் இரண்டு வளையம். எடையைக் குறைக்க இந்த ரகக் கம்புகளில் அப்படித்தான் செய்வார்கள். ரீலில் கம்போடு பொருந்துகிற பாகத்துக்குக் கால் என்று பெயர்; அது தடிமனாக இருந்ததால் வளையத்துக்குள் நுழையவில்லை. அதைக் குறையாக எழுதி அனுப்பாமல், அரத்தை எடுத்து நானே ராவிச் சரிசெய்தேன். கயிற்றையும் சுற்றிவிட்டேன். திருப்பி அனுப்ப ஏழு நாள் கெடு. அந்த ஏழு நாளும் ரீல் அலமாரியில் அழகாக உட்கார்ந்திருந்தது.

ஏப்ரலில் இமாசலத்தின் தீர்த்தன் பள்ளத்தாக்கு. நம் ஊட்டிப் பக்கமே டிரௌட் மீன் உண்டு, அவலாஞ்சியில் 1907இலேயே பொரிப்பகம் வைத்தார்கள். ஆனால் நல்ல ஓடைகள் பல இப்போது முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் அடக்கம்; கம்பைத் தூக்கிக்கொண்டு நினைத்த நேரத்தில் போக முடியாது. இமாசலத்தில் மீன்வளத் துறை லைசென்ஸ் வாங்கிக்கொண்டு இறங்கலாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை டிரௌட் பிடிக்கத் தடை, மார்ச்சில் திறப்பார்கள். வெயில் ஏறிப் பனி உருகித் தண்ணீர் கலங்குவதற்கு முன்னால் போய்விட வேண்டும். டெல்லியிலிருந்து மணாலி பஸ் ஏறி, விடியற்காலை ஆவுட் சுரங்கத்துக்கு முன்னால் இறங்கி, லார்ஜி, பஞ்சார் வழியாக குஷைணி. அங்கே தீர்த்தனில் ஃபலாச்சன் என்று ஒரு சிற்றாறு வந்து கலக்கிறது. பெரிய ஆற்றுக்கு 4, 5 நம்பர் வேண்டும். 2 நம்பர் கம்புக்கு ஃபலாச்சன்தான் தோது.

இரண்டாம் நாள் காலை, ஒரு பாறைக்குப் பின்னால் இருந்த மடுவில் மீன் எடுத்தது. பழுப்பு டிரௌட், கால் கிலோ இருக்கும். கடித்தவுடன் நீரோட்டத்தோடு கீழே ஓடியது. இந்த மாதிரிச் சின்ன ரீல்களில் பெரும்பாலும் பிரேக் என்று ஒன்றும் பெரிதாக இருக்காது. கயிறு சுற்றியிருக்கிற உருளைதான் ஸ்பூல்; அதன் பல்சக்கரத்தில் ஒரு சின்ன முக்கோணப் பல் ஸ்பிரிங்கோடு உரசிக்கொண்டு நிற்கும். டிர்ர்ர் என்கிற சத்தம் அதிலிருந்துதான் வருகிறது. நூறு வருஷத்துக்கு மேலான ஏற்பாடு. ஸ்பூல் கட்டுமீறிச் சுற்றாமல் அது பார்த்துக்கொண்டால் போதும், மிச்சத்தை உள்ளங்கையால் விளிம்பைத் தடவிச் சமாளிக்கலாம்.

அன்றைக்கு டிர்ர்ர் பாதியில் நின்றது. பல் பிளாஸ்டிக். ஒடிந்துவிட்டது. மீனும் அதே நேரம் திரும்பி நின்றது. லேசான ஸ்பூலாக இருந்தால் அதுவும் நின்றிருக்கும். இது நிற்கவில்லை, மாவு மில் சக்கரம் மாதிரி, மீன் நின்ற பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தது. கயிறு வளையம் வளையமாக உள்ளேயே தளர்ந்து, ஸ்பூலுக்கும் அதைத் தாங்குகிற ஃபிரேமுக்கும் நடுவில் இருந்த சந்தில் ஒரு வளையம் போய் மாட்டிக்கொண்டது. மீன் மறுபடி ஓடியது. முனையில் கட்டியிருந்தது 6எக்ஸ் தங்கூஸ், 0.127 மில்லிமீட்டர் கனம். அது ரீல் இறுகின மறுகணமே அறுந்தது.

கூட வந்த உள்ளூர்க்காரர் ரீலை வாங்கி ஆட்டிப் பார்த்தார். ஸ்பூல் கடகடவென்று ஆடியது. ஒன்றும் சொல்லாமல் தன்னுடைய பழைய ரீலைக் கழற்றி என் கம்பில் மாட்டிக் கொடுத்தார். மிச்சம் இரண்டு நாள் ஓடியது அவர் தயவில்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் தராசு. கயிறெல்லாம் உருவிவிட்டு வைத்தேன்: 164 கிராம். ஃபிரேம் தனியாக 71, ஸ்பூல் தனியாக 93. ஸ்பூல் ஃபிரேமைவிடச் சின்னது, உடம்பெல்லாம் ஓட்டை வேறு. அது எப்படி அதிக எடை இருக்கும்?

இந்தச் சோதனையை நீங்கள் எல்லோரும் வீட்டில் செய்யலாம். ஒரு அகல டப்பாவில் பாதிக்கு மேல் தண்ணீர் விட்டுத் தராசில் வைத்து, அளவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். சாமானை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் தொடாமல் தண்ணீருக்குள் முழுசாக இறக்குங்கள். காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் ஆட்டிவிடுங்கள். தராசு காட்டுகிற கிராம்தான் அந்தச் சாமானின் கன அளவு, கன சென்டிமீட்டரில். ஃபிரேமை இறக்கினேன், 26 காட்டியது. 71ஐ 26ஆல் வகுத்தால் 2.7. அலுமினியம், சரி. ஸ்பூலை இறக்கினேன், வெறும் 14. 93ஐ 14ஆல் வகுத்தால் 6.6. அலுமினியம் அந்தக் கணக்கில் வரவே வராது. துத்தநாகக் கலவை வார்ப்புக்கு வருகிற கணக்கு அது. காந்தத்தை வைத்துப் பார்த்து இதைப் பிடிக்க முடியாது; இரண்டும் ஒட்டாது.

சந்தேகம் தீர, கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் தெரிந்த அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, இதை எவன் சிஎன்சின்னு சொன்னான்? இது கடைஞ்சதில்லீங்க, ஊத்துனது."

ஸ்பூலின் உள்பக்கம் மூன்று சின்ன வட்டத் தழும்புகளைக் காட்டினார். வார்த்த துண்டை அச்சிலிருந்து குச்சி தள்ளிவிட்ட இடம். விளிம்பின் அடியில், இரண்டு அச்சும் சேர்ந்த கோடு நகத்தில் தட்டுப்பட்டது. ஃபிரேம் அலுமினியம்தான், ஆனால் அதுவும் வார்ப்பு. பிறகு படத்தில் மின்னிய கடைசல் கோடு? "வெளியில மட்டும் ஒரு வெட்டு ஓட்டி உட்டிருக்கான், போட்டோவுக்கு" என்று சிரித்தார். ஸ்பூலின் கறுப்பு நிறமும் வெறும் பெயின்ட். கத்தி நுனியால் சுரண்டியதும் தோல் மாதிரி உரிந்து வந்தது. அலுமினியத்துக்குக் கொடுக்கிற அனோடைசிங் அப்படி உரியாது.

விற்றவருக்குப் போன் போட்டேன். முதல் இரண்டு நாள் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"அண்ணா, 68ங்கிறது ஸ்பூல் இல்லாம உள்ள வெயிட்டுங்ணா. எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் போடுவாங்க."

எல்லாக் கம்பெனியும் அப்படிப் போடுவதில்லை. ஸ்பூலோடு சேர்த்து, கயிறு இல்லாமல் உள்ள எடையைத்தான் ரீலின் எடை என்பார்கள். ஸ்பூல் இல்லாத ரீலை வைத்துக்கொண்டு யார் மீன் பிடிப்பது? அதுவும் ஃபிரேம் மட்டுமே 71 இருக்கிறதே என்றேன். மூன்று கிராம் முன்னே பின்னே இருக்கும் என்றார். ஸ்பூல் துத்தநாகம் என்றேன். "அலாய்ங்ணா, அலாய் வீல் மாதிரி" என்றார். அப்புறம் காலின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, "அரம் போட்டுட்டீங்களேண்ணா, இனி நான் என்ன பண்றது" என்று முடித்துவிட்டார். அந்த ஒரு விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை.

1915க்கு அடித்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண் அது. எடையும் உலோகமும் பொய் என்றால் அரம் போட்டதும் போடாததும் வேறு விஷயம் என்று அங்கே சொன்னது கொஞ்சம் தெம்பாக இருந்தது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி விற்பனைத் தளம் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பொருள் எந்த நாட்டில் செய்தது என்றும் காட்ட வேண்டும். என் பெட்டியில் இறக்குமதியாளர் பெயரும் இல்லை, அதிகபட்ச விலையும் இல்லை. வாங்கின அன்றே அது கண்ணில் பட்டிருக்க வேண்டும். புகார் கொடுத்த மூன்றாவது வாரம் 2,000 ரூபாய் வந்தது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது, 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. மிச்சம் 4,800க்குப் போவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

வாங்கப் போகிறவர்கள் முதலில், பெட்டியைத் திறப்பதையும் தராசில் வைப்பதையும் ஒரே வீடியோவாக எடுத்துவிடுங்கள். கயிறு சுற்றுவதெல்லாம் பிறகு. 2, 3 நம்பர் ரீல் என்றால் ஸ்பூலோடு சுமார் 60 முதல் 110 கிராமுக்குள் இருப்பதே வழக்கம். எடை சரியாக இருந்தாலும் ஒரு துண்டு மெல்லிய தங்கூஸை எடுத்து ஸ்பூலுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் சொருகிப் பாருங்கள். 5 நம்பர் கயிறு சிக்காத சந்தில் 2 நம்பர் கயிறு சிக்கும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஸ்பூலைக் கழற்றி அந்த முக்கோணப் பல் உலோகமா பிளாஸ்டிக்கா என்று பாருங்கள். கால் உங்கள் கம்பில் நுழையவில்லை என்றால் அரத்தைத் தொடாதீர்கள்.

லேசாக இருந்தால்தான் நல்லது என்று பிடிவாதம் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்தடிக் கம்பு வைத்திருப்பவர்களுக்கு நுனி கனக்கும், அதை நிமிர்த்த 150 கிராம் ரீல்கூடத் தேவைப்படலாம். என் ரீல் அவர்களுக்குப் பொருந்தியிருக்குமோ என்னவோ. 164 என்று உண்மையைப் போட்டிருந்தால்.

கயிறு தப்பியது மட்டும் ஒரு ஆறுதல். சந்தில் மாட்டிய இடத்தில், நுனியிலிருந்து பத்து மீட்டரில், மேல்பூச்சு உரிந்து உள்நூல் தெரிந்தது. இரண்டு முனையும் ஒரே மாதிரி மெலிகிற 25 மீட்டர் கயிறு அது. தலைகீழாக மாற்றிச் சுற்றிவிட்டேன். காயம் இப்போது 15 மீட்டருக்கு அப்பால் போய்விட்டது. சின்ன ஓடைகளில் அவ்வளவு கயிறு வெளியே போகாது.

நேற்று அந்த விளம்பரத்தை மறுபடி திறந்து பார்த்தேன். அதே படம், அதே 68 கிராம். விலையில் மட்டும் 300 ரூபாய் ஏற்றியிருக்கிறார்கள்.