எதிர்வரிசையில் ஸ்கேன் சென்டர்: லேசர் லிங்க் மதுரைக்கு ஒத்துவருமா?

மதுரையில் பல மருத்துவமனைகள் வளர்ந்த விதம் ஒன்றுதான். முதலில் ஒரு கட்டடம், பிறகு எதிர்வரிசையில் இடம் வாங்கி ஸ்கேன் சென்டர், அடுத்த தெருவில் லேபும் நர்ஸ் விடுதியும். நடுவில் பொதுச் சாலை. அதை வெட்டி ஃபைபர் (தரவை ஒளியாகக் கடத்தும் கண்ணாடி இழைக் கேபிள்) போட வேண்டுமானால் மாநகராட்சியிடமோ நெடுஞ்சாலைத் துறையிடமோ அனுமதி வாங்க வேண்டும், சீரமைப்புக் கட்டணம் கட்ட வேண்டும், காத்திருக்க வேண்டும். கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டினால், வைக்கோல் லாரி போகிற நாளிலோ சப்பரம் வருகிற நாளிலோ அறுந்துவிடும்.

இந்த இடத்துக்குத்தான் லேசர் லிங்க் விற்கிறார்கள். இரண்டு மொட்டைமாடிகளில் ஆளுக்கொரு கருவி, நடுவில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கற்றை. கேபிளுக்குப் பதில் அதிலேயே ஸ்கேன் படமும் லேப் ரிசல்ட்டும் போகும். 1880-லேயே கிரகாம் பெல் சூரிய ஒளிக்கற்றையில் 213 மீட்டர் தூரத்துக்குப் பேச்சை அனுப்பிக் காட்டினார். நமக்குத் தேவைப்படும் தூரமும் ஏறக்குறைய அதுதான். 1 ஜிபிபிஎஸ் (நொடிக்கு ஒரு ஜிகாபிட்) வகைக் கருவிகளைப் பற்றி எங்கள் முடிவு இது: 300 மீட்டருக்குள் என்றால் மதுரைக்கு நன்றாகவே ஒத்துவரும். ஆனால் ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு கட்டடம் இருந்தால் இதை வாங்கவே வேண்டாம். ஹெச்டிபிஇ என்ற கெட்டிப் பிளாஸ்டிக் குழாய் புதைத்து ஃபைபர் போடுங்கள்.

வேகம் ஏன் முக்கியம் என்றால், சிடி ஸ்கேனில் ஒரு ஸ்லைஸ் படம் சுமார் அரை எம்பி. ஆயிரம் ஸ்லைஸ் எடுத்தால் 500 எம்பி. 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்; எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்) இணைப்பில் அது போய்ச்சேரக் குறைந்தது 40 விநாடி, ஜிகாபிட்டில் 4 விநாடி. நடைமுறையில் இரண்டுமே இன்னும் கொஞ்சம் கூடும். நாற்கரச் சாலை விபத்தில் தலையில் அடிபட்டவரை வைத்துக்கொண்டு டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த வித்தியாசம் பெரிது. வைஃபை போன்ற 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவிலும் படம் போகும். ஆனால் அண்ணா நகர், கோரிப்பாளையம் போன்ற நெருக்கமான பகுதிகளில் மாடிக்கு மாடி ரேடியோ இருப்பதால் வேகம் நிலையாக நிற்காது. லேசருக்கு அந்த நெருக்கடி இல்லை, அலைக்கற்றை உரிமமும் வேண்டாம்.

இனி வானிலை. கணக்கு எளிது. கற்றையின் விரிகோணம் 2 மில்லிரேடியன் (மீட்டருக்கு 2 மி.மீ. விரிவது) என்றால் 300 மீட்டரில் அது 60 செ.மீ. வட்டமாகப் பரவியிருக்கும். 8 செ.மீ. லென்ஸ் அதில் ஐம்பதில் ஒரு பங்கைக்கூடப் பிடிக்காது. இழப்பு சுமார் 17.5 டெசிபல் (ஒவ்வொரு 10 டெசிபல் இழப்புக்கும் சிக்னல் பத்தில் ஒரு பங்காகக் குறையும்). அனுப்பும் திறன் 10 மில்லிவாட், ரிசீவரின் உணர்திறன் மைனஸ் 30 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றால், இடையில் இருப்பது 40 டெசிபல். அதில் அந்த 17.5 போக, கண்ணாடி இழப்புக்கு 4 டெசிபல் ஒதுக்கியபின் கையில் மிஞ்சுவது 18 டெசிபல் சொச்சம். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் அடைமழை கொட்டினாலும் கி.மீ.க்கு 20 டெசிபல் அளவில்தான் போகும். 300 மீட்டருக்கு 6. ஐப்பசி மழையைத் தாங்கிவிடும். மார்கழி அதிகாலையில் கண்மாய்ப் பக்கம் 500 மீட்டர் வரைதான் கண் தெரிகிறது என்ற அளவுக்கு மூட்டம் போட்டாலும் இழப்பு 9 டெசிபலை ஒட்டித்தான் இருக்கும். அடர்ந்த மூடுபனி வேறு விஷயம். அது கி.மீ.க்கு 100 டெசிபலுக்கு மேல் தின்னும். அதனால் கொடைக்கானலில் கிளை வைத்திருப்பவர்கள் இதே கருவியை அங்கே கொண்டுபோக வேண்டாம். விற்பவர் தாளில் எழுதியிருக்கும் தூரம் தெளிந்த வானத்துக்கானது. அதில் பாதியை மட்டும் நம்புங்கள். தூரம் இரட்டித்தால் பரவலால் மட்டுமே 6 டெசிபல் போய்விடும்.

மதுரையில் இந்த லிங்க் விழுவது பெரும்பாலும் மழையால் அல்ல, வெயிலால். 1.5 மீட்டர் உயரம், 114 மி.மீ. விட்டம் உள்ள ஒரு இரும்புக் குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். காலை வெயில் கிழக்குப் பக்கத்தில் மட்டும் அடித்து, அந்தப் பக்கம் மறுபக்கத்தைவிட 10 டிகிரி கூடுதலாகச் சூடானால், குழாயின் தலைப்பு சுமார் 1.6 மில்லிரேடியன் சாயும். கண்ணுக்குத் தெரியாத சாய்வுதான். ஆனால் 300 மீட்டருக்கு அப்பால் கற்றை அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நகர்ந்திருக்கும். 60 செ.மீ. வட்டத்தின் நடுவில் இருந்த லென்ஸ் இப்போது வட்டத்துக்கே வெளியே. காலை 9 மணிக்கு லிங்க் போய், நண்பகலில் தானாக வந்து, மாலை 4 மணிக்கு மறுபடி போகிறது என்று புகார் வந்தால் கருவியை மாற்றச் சொல்லாதீர்கள். குழாயைப் பாருங்கள். உயரத்தைப் பாதியாக்குங்கள், வெள்ளை பெயிண்ட் அடியுங்கள், சுற்றிலும் இடைவெளி விட்டு ஒரு தகரக் கவசம் போடுங்கள். தானாகத் திசை திருத்தும் வசதி உள்ள மாடலுக்குக் கூடுதல் விலை கொடுப்பது இந்த ஒரு காரணத்துக்காகவே நியாயம்.

மாட்டும் இடம் கான்கிரீட் தூணின் தலையாக இருக்கட்டும். கெமிக்கல் ஆங்கர் (துளையில் போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும் பசை) வைத்து 12 மி.மீ. கனமுள்ள எம்12 போல்ட் நான்கு. செங்கல் கைப்பிடிச் சுவர் வேண்டாம். லிஃப்ட் மோட்டார் அறையின் மேல் வேண்டாம், ஒவ்வொரு முறை லிஃப்ட் ஓடும்போதும் அதிரும். தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்ட், சோலார் சட்டம் இரண்டும் ஆடிக் காற்றில் ஆடும். ஏசி அவுட்டோர் யூனிட்டின் சூடான காற்று, ஜெனரேட்டர் புகைபோக்கி, சலவைப் பகுதி நீராவி எதுவும் கற்றையின் வழியில் வரக் கூடாது. சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தளத்துக்கு மேலே காற்று கானல்போல் நெளியும். கற்றை தளத்திலிருந்து 2 மீட்டராவது உயர்ந்து போகட்டும். அந்த உயரத்துக்குக் குழாயை நீட்டாதீர்கள், படிக்கட்டு அறையின் கான்கிரீட் மேல்தளத்தைப் பயன்படுத்துங்கள். உயர்த்திவிட்டால், கொடியில் காயப்போடும் பெட்ஷீட்டும் குறுக்கே வராது. இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் காற்றில் படபடக்கும் ஒரு பெட்ஷீட் நொடிக்கொரு முறை லிங்க்கை வெட்டும், கீழே சர்வர் அறையில் யாருக்கும் காரணம் பிடிபடாது.

பார்வைக் கோட்டில் வேறு இடைஞ்சலும் உண்டு. இன்று காலியாகத் தெரியும் இடத்தில் நாளை ஃப்ளெக்ஸ் போர்டு எழும்பும். வேம்பு வளரும். மீனாட்சி கோயிலைச் சுற்றி 1 கி.மீ.க்குள் கட்டடம் 9 மீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது என்ற விதி இருப்பதால் அங்கே புதுக் கட்டடம் மறைக்கும் பயம் குறைவு. மற்ற பகுதிகளில் நடுவிலுள்ள காலி மனை யாருடையது என்று முதலிலேயே விசாரியுங்கள்.

கிழக்கு மேற்காக லிங்க் வைத்தால் சூரியன் நேராக ரிசீவருக்குள் விழும். மதுரையில் ஆண்டு முழுவதும் சூரியன் உதிக்கும் திசை, வடக்கிலிருந்து வலஞ்சுழியாக 66 முதல் 114 டிகிரிக்குள் நகரும். உங்கள் லிங்க் அந்த வீச்சுக்குள் இருந்தால் ஆண்டில் சில நாட்கள், சில நிமிடங்கள் தடை வரும்; மேற்குப் பக்கமும் அப்படியே. எதிர்முனைக் கருவிக்குப் பின்னால் ஒரு சுவர் இருக்கும்படி இடம் பார்த்தால் போதும், பிரச்சினையே இல்லை.

கருவியிலிருந்து நெட்வொர்க் சுவிட்ச் (கணினிகளை இணைக்கும் பெட்டி) இருக்கும் அறைக்குச் செம்புக் கேபிள் இழுக்காதீர்கள். கோடை இடி ஒன்று போதும், கேபிள் வழியே இறங்கி சுவிட்ச்சையும் சேர்த்து எரித்துவிடும். மாடியிலிருந்து கீழே வரை ஃபைபர். மின்சாரம் யூபிஎஸ் லைனிலிருந்து, சர்ஜ் (மின்னழுத்தத்தின் திடீர் எகிறல்) பாதுகாப்போடு வரட்டும். மாடி விளக்கு சர்க்யூட்டில் கொடுத்தால் செக்யூரிட்டி காலையில் விளக்கோடு லிங்க்கையும் அணைத்துவிடுவார்.

துணைக்கு ஒரு 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ கட்டாயம். 99.9 சதவீத நேரம் லிங்க் ஓடும் என்று விற்பவர் சொன்னால்கூட அது ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரத் தடை; ஐசியூவுக்கு அது ஒத்துவராது. இங்கே ஒரு நுணுக்கம். ஒளி அறுந்தவுடன் கருவி, சுவிட்ச்சோடு தன்னை இணைக்கும் ஈதர்நெட் போர்ட்டையும் அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் சுவிட்ச் லிங்க் உயிரோடு இருப்பதாகவே நினைத்து, ரேடியோவுக்கு மாறாமல் நிற்கும். வாங்குமுன் இந்த வசதி உண்டா என்று கேளுங்கள். லேசர் திரும்பி வந்தாலும் ஒரு நிமிடம் நிலைத்து நின்ற பிறகே மாறும்படி அமைத்தால் மழையில் முன்னும் பின்னும் தாவாது. ரேடியோவில் ஓடும்போது லேப் ரிசல்ட்டுக்கும் மருந்து ஆர்டருக்கும் முன்னுரிமை கொடுங்கள், ஸ்கேன் படம் பின்னால் வரட்டும்.

திசை பிடிக்கும்போது தொலைநோக்கியில் தெரிந்தால் போதும் என்று விட்டுவிடக் கூடாது. சிக்னல் அளவைப் பார்த்தபடி இடவலமும் மேல்கீழும் உச்சத்தைக் கடந்துபோய்த் திரும்ப வர வேண்டும். போல்ட்டை இறுக்கும்போது அளவு இறங்கும். எதிரெதிர் போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அதிகாலையிலும் பிற்பகல் 2 மணிக்கும் அளந்து இரண்டையும் எழுதி வையுங்கள்.

கண்ணுக்குப் பாதுகாப்பான கிளாஸ் 1 அல்லது 1எம் தரச் சான்று இல்லாத கருவியைத் தொடாதீர்கள். 1எம் என்றால் பைனாகுலரால் கற்றைக்குள் பார்க்கக் கூடாது என்று தமிழில் போர்டு வையுங்கள். கற்றை மெல்லியது, ஒட்டுக்கேட்பது கடினம். அதற்காக நோயாளி விவரத்தைக் குறியாக்கம் செய்யாமல் அனுப்பக் கூடாது.

பராமரிப்பு அதிகமில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், ஆடிப் புழுதிக்குப் பிறகு கூடுதலாக ஒரு முறையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் லென்ஸ் துடைக்க வேண்டும். முகப்பில் சிலந்தி வலை, குளவிக் கூடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒப்பந்தம் போடும்போது இரண்டைக் கேட்டு வாங்குங்கள்: மதுரையிலேயே கையிருப்பில் ஒரு உதிரிக் கருவி, உங்கள் ஆள் ஒருவருக்குத் திசை பிடிக்கும் பயிற்சி. பில்லில் ஒரு பகுதியை ஒரு கோடையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் கடந்து, சுவிட்ச்சின் பிழைக் கணக்கைப் பார்த்த பிறகே கொடுப்பதாக எழுதி வாங்குங்கள்.