ஈப்போவில் இறங்கி, சுங்கை சிப்புட் வரை

சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் ஈப்போவுக்கு நேராக விமானம் இருக்கிறது என்பதே எங்கள் வீட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது. இத்தனை வருடமும் தீபாவளிக்கு முந்தைய இரவு பஸ் ஏறி, ஜோகூர் பாலத்தில் வரிசையில் நின்று, விடியும்போது கால் வீங்கி இறங்குவதைத்தான் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டுக்குப் போவது என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இந்த முறை அம்மாவும் கூட வந்தார். வயது 74. இடது முழங்கால் மடங்க மறுக்கிறது. அதனால் விமானம். ஒன்றரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. அம்மா கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைப் பிரிக்கவே இல்லை.

சுல்தான் அஸ்லான் ஷா விமான நிலையம் சின்னது. வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய வசதி கிடையாது. அரை மைல் நடக்க வேண்டியதில்லை, பெட்டி எந்தப் பட்டையில் வரும் என்று தேட வேண்டியதில்லை. விமானத்திலிருந்து படியில்தான் இறங்க வேண்டியிருந்தது. சக்கர நாற்காலி வேண்டும் என்று முன்பதிவிலேயே போட்டிருந்தேன். இரண்டு பேர் வந்து அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். அவர்களில் ஒரு பையன் தமிழ்ப் பையன். "மெதுவா வாங்கம்மா, அவசரமே இல்ல" என்றான். அம்மாவுக்கு அப்போதே ஊர் வந்துவிட்டது.

முதல் நாள் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் பார்த்து 'ஈப்போ ஒரு நாள் சுற்றுலா' என்று ஒரு வேனுக்குப் பணம் கட்டியிருந்தேன். படத்தில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. வேனில் ஏர்கோன் பின் வரிசைக்கு எட்டவில்லை. சுவர் ஓவியங்கள் இருக்கும் சந்தில் அரை மணி, வெள்ளைக் காப்பிக்கு அரை மணி, பிஸ்கட்டும் உப்புக் கோழியும் விற்கும் கடையில் முக்கால் மணி. கெல்லி கோட்டைக்கு வந்து சேர்ந்தபோது, "நாற்பது நிமிடம், அப்புறம் கிளம்பிடணும்" என்றார் ஓட்டுநர். பக்கத்தில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போகலாமா என்று கேட்டேன். அப்படி ஒரு கோயில் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

எனக்குக் கோபம் வந்தது அந்தக் கோயிலால்தான். பத்து காஜாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கோட்டையை வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரத் தோட்ட முதலாளி 1915 வாக்கில் கட்டத் தொடங்கினார். வேலைக்கு ஆட்களை மதராஸிலிருந்து கொண்டுவந்தார். ஸ்பானிஷ் காய்ச்சல் பரவி ஆட்கள் செத்து விழுந்தபோது, கோயில் கட்டித் தாருங்கள் என்று மிச்சமிருந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். அவரும் கட்டிக் கொடுத்தார். 1926இல் அவர் லிஸ்பனில் இறந்துபோக, கோட்டை அரைகுறையாக நின்றுவிட்டது. கோயில் அப்படி நின்றுபோகவில்லை, இன்றைக்கும் பூசை நடக்கிறது. அதன் கூரை மேல் சாமி சிலைகளுக்கு நடுவில் வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்ட ஒரு துரை நின்றுகொண்டிருக்கிறார். கோட்டைக்குப் போகிறவர்கள் லிஃப்டுக்காக விட்ட குழியைப் படம் எடுக்கிறார்கள். அதை எழுப்பிய ஆட்கள் எங்கே கும்பிட்டார்கள் என்று காட்ட யாரும் இல்லை. கோட்டைக்குள் படிகள் அதிகம், அம்மா கீழேயே உட்கார்ந்துவிட்டார். நுழைவுச் சீட்டில் உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு ஒரு விலை. அம்மாவும் நானும் மைகார்டை, அதாவது மலேசிய அடையாள அட்டையைக் காட்டினோம். சிங்கப்பூரில் பிறந்த என் மகன் வெளிநாட்டுக்காரனாக நின்றான். "நான் மட்டும் டூரிஸ்ட்டா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

அன்று இரவு ஓட்டலில் உட்கார்ந்து, சுங்கை சிப்புட்டில் இருக்கும் சித்தி மகனுக்குப் போன் போட்டேன். "அக்கா, ஈப்போ வேன்காரனுக்கு நம்ம பக்கம் என்ன தெரியும்? நம்ம ஊர்லயே வாடகைக் கார் ஓட்டுற அண்ணன் ஒருத்தர் இருக்காரு, நான் பேசுறேன்" என்றான். மறுநாள் காலை ஏழரைக்கே அவர் ஓட்டல் வாசலில் நின்றார். எண்ணெய், டோல் எல்லாம் சேர்த்து நாளுக்கு 300 மலேசிய வெள்ளி. வேனுக்கு நாங்கள் மூன்று பேர் கட்டியதைவிடக் குறைவு. முன் இருக்கையைப் பின்னால் தள்ளி, அம்மா காலை நீட்டிக்கொள்ள வழி செய்திருந்தார். நான் சொல்லாமலே.

முதலில் கேக் லோக் தோங். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குனோங் ராப்பாட்டில் இருக்கும் சீனக் குகைக்கோயில். முழங்கால் வலிக்காரர்களுக்கு நான் சொல்லும் ஒரே குகை இதுதான். தரை சமமாக இருக்கும், உள்ளே காற்று குளுகுளு என்று இருக்கும், குகையைத் தாண்டினால் பின்பக்கம் குளமும் தோட்டமும். பேராக் தோங் என்ற இன்னொரு குகைக்கோயில் பெரியதுதான், ஆனால் மேலே போக நூற்றுக்கணக்கில் படி. அதை இளசுகள் பார்க்கட்டும். அப்புறம் குனோங் சீரோ கல்லுமலைக் கோயில். தைப்பூசத்துக்கு ஈப்போ முழுக்கக் காவடி வந்து சேரும் இடம். அந்த மலையைப் பார்த்ததும் அம்மா 1973ஐப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அந்த வருடம் பாறை சரிந்து அடிவாரத்து வீடுகள் மேல் விழுந்ததில் நிறையப் பேர் இறந்துபோனார்கள். ஈப்போ ரயில் நிலையத்தைக் காரில் இருந்தபடியே பார்த்தோம், அவ்வளவு போதும்.

ஈப்போவிலிருந்து சுங்கை சிப்புட் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். ரயிலிலும் வரலாம், ஈடிஎஸ் மின்சார ரயில் அங்கே நிற்கிறது. ஆனால் நிலையத்தில் இறங்கிய பிறகு தோட்டத்துப் பக்கம் போக வண்டி வேண்டும். கைப்பேசிச் செயலியில் கூப்பிட்டால் ஈப்போ நகருக்குள் மூன்று நிமிடத்தில் வருகிற கார், இங்கே சுற்றிச் சுற்றித் தேடிவிட்டு ஆள் இல்லை என்கிறது. என் சின்ன வயதில் ஈப்போவின் மேடான் கிட் பஸ் நிலையத்தில் ஏறினால் கடைசி பஸ் போய்விடுமோ என்ற பயம் இருக்கும். பயம் அப்படியேதான் இருக்கிறது, இப்போது கையில் போன் இருக்கிறது, அவ்வளவுதான்.

டவுனில் பசியாற அண்ணன் காரை நிறுத்தினார். ரொட்டி சானாய், தே தாரேக். அம்மாவுக்குத் தோசை. கடைக்காரர் அம்மாவைப் பார்த்து எந்தத் தோட்டம் என்று கேட்க, அம்மா சொல்ல, அவருடைய பெரியம்மா அதே தோட்டம் என்று தெரியவர, அரை மணி நேரம் போய்விட்டது. தோசைக்குக் காசு வாங்கவில்லை. வழியில் மகாத்மா காந்தி கலாசாலையையும் காட்டினார் அண்ணன். 1954இல் விஜயலட்சுமி பண்டிட் வந்து திறந்துவைத்த தமிழ்ப்பள்ளி. மலேசியாவில் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் இந்த ஊர்க்காரர். தோட்டங்களைத் துண்டாடி முதலாளிகள் விற்க ஆரம்பித்தபோது, அவர் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தாத்தாவும் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினாராம். அந்தச் சங்க அட்டையை எலி கடித்துவிட்டது என்பது எங்கள் குடும்பத்தின் நிரந்தரச் சண்டை.

அம்மா பிறந்த தோட்டத்தின் வாசலில் கம்பி போட்டிருந்தார்கள். நேபாளக் காவலாளி, கடிதம் இருந்தால்தான் உள்ளே விடுவேன் என்றார். அம்மா கண்ணாடியை இறக்கி மலாயில் பேசினார். ஐம்பது வருடம் ரப்பர்ப் பால் வெட்டிய தோட்டம் என்றார். காவலாளி முடியாது என்று தலையை ஆட்டினார். அண்ணன் இறங்கிப் போய், கோயிலுக்கு மட்டும் போகிறோம், நீங்களும் கூட வாருங்கள் என்றார். கம்பி தூக்கப்பட்டது. இதைத்தான் ஈப்போ வேனில் எவ்வளவு பணம் கட்டினாலும் வாங்க முடியாது.

உள்ளே ஒரு கித்தா மரம், அதாவது ரப்பர் மரம் இல்லை. கண் எட்டும் தூரம் செம்பனை, எண்ணெய் எடுக்கும் பனை. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் இருந்த இடத்தில் புல். காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம் இருந்த இடத்தை அம்மா ஒரு மாமரத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தார். மாரியம்மன் கோயில் மட்டும் புதிதாகச் சாயம் அடித்து நின்றது. அம்மா கும்பிட்டுவிட்டு, கோயில் படியில் உட்கார்ந்து, வேறு எதையும் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு வருத்தமாக இருந்தது. அவருக்கு இருந்ததா என்று தெரியவில்லை. கொசு கடிக்கிறது என்றுதான் சொன்னார்.

மதியத்துக்கு மேல் கோலகங்சார் போவதாகத் திட்டம். வழியில் காராய் பக்கம் விக்டோரியா பாலம். 1900இல் பேராக் ஆற்றின் மேல் கட்டிய ரயில் பாலம், செங்கல் தூண்கள். இப்போது அதில் ரயில் ஓடுவதில்லை. ஓரத்து நடைபாதையில் ஆட்கள் நடக்கிறார்கள். மகன் அக்கரைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள், பக்கத்தில் ஒரு மலாய்க்காரப் பெரியவரின் சின்னத் தோட்டத்தில் கித்தா மரங்களை அம்மா பார்த்துவிட்டார். நாலைந்து நிரைதான். காலையில் வெட்டிய பால் மங்குக் கிண்ணத்தில் உறையத் தொடங்கியிருந்தது. பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அம்மா கேட்டதும் கையைக் காட்டி உள்ளே போகச் சொன்னார்.

முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. மகனைக் கூப்பிட்டு நிறுத்தி, அம்மா மரத்தில் விரலை வைத்துக் காட்டினார். வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கணும். பால் ஓடுகிற நரம்பு மரத்தில் கொஞ்சம் சாய்ந்து ஓடுகிறது. இப்படி வெட்டினால்தான் நிறைய நரம்பு அறுபடும். மாற்றி வெட்டினால் பால் குறையும். உளி பட்டையை மட்டும் சீவணும், உள்கட்டையைத் தொட்டால் மரத்துக்குக் காயம், கிராணி வந்து திட்டுவார். வெயில் ஏறினால் பால் ஓடாது, அதனால்தான் இருட்டில் எழுந்து நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போனோம். மகன் பள்ளியில் அறிவியல் பாடத்தில்கூட இவ்வளவு கவனமாக நின்று நான் பார்த்ததில்லை. வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டியிருந்த கோட்டுப்பாலை அம்மா நகத்தால் கிளப்பி, ஒரே இழுப்பில் நாடா மாதிரி உரித்தெடுத்தார். பெரியவர் எழுந்து வந்து பார்த்துச் சிரித்தார்.

அதற்குப் பிறகு கோலகங்சார் கொஞ்சம் சாதாரணமாகத்தான் இருந்தது. 1877இல் ஒன்பது கித்தாக் கன்றுகள் நட்ட ஊர் அது. அவற்றில் ஒன்று என்று சொல்லும் கிழ மரத்தை வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். அம்மா வெளியிலிருந்து பார்த்து, "இது எல்லாத்துக்கும் மூத்ததா?" என்றார், அவ்வளவுதான். உபுடியா பள்ளிவாசலின் தங்கக் குவிமாடம் சாயங்கால வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. ஈப்போ ரயில் நிலையத்துக்கு வரைபடம் போட்ட ஹப்பாக் என்ற ஆங்கிலேயர்தான் இதற்கும் போட்டவர். கட்டிக்கொண்டிருக்கும்போது இரண்டு யானைகள் ஓடிவந்து இத்தாலியப் பளிங்கை மிதித்து உடைத்துவிட்டதாம். மகனுக்குப் பிடித்தது அதுதான்.

மூன்றாம் நாள் அதே அண்ணன், அதே கார். கெல்லி கோட்டைக்குப் போகாமல் நேராக அந்தக் கோயிலுக்குப் போய்த் துரை சிலையைப் பார்த்தோம். திரும்பும் வழியில் புந்தோங்கில் கச்சான் பூத்தே என்ற கடலை வகை, முறுக்கு என்று இரண்டு பை நிறைய வாங்கினோம். ஈப்போவில் வெள்ளைக் காப்பிக்கு வரிசையில் நிற்பதற்குப் பதில் இங்கே வாருங்கள் என்பேன்.

நான்காம் நாள் காலை விமான நிலையத்தில் அம்மாவின் கைப்பை எக்ஸ்ரேயைத் தாண்டவில்லை. மலாய்ப் பெண் அதிகாரி ஒருவர் பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் சுருட்டி வைத்திருந்த எதையோ வெளியே எடுத்தார். கோட்டுப்பால். முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தார். "கெத்தா?" என்று கேட்டார். அம்மா ஆமாம் என்றார். தன் பாட்டியும் கித்தா வெட்டியவர்தான் என்று சொல்லி, உறையை மறுபடி இறுக்கிக் கட்டிப் பைக்குள் வைத்துக் கொடுத்தார்.