இங்க் டேங்க்கா, லேசரா? எது எப்படிக் கெடும், எதை யார் சரிசெய்யலாம்

பிரிண்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "ஒரு பக்கத்துக்கு எத்தனை பைசா ஆகும்?" என்பதுதான். கடைக்காரரும் அதையே கணக்குப் போட்டுக் காட்டுவார். வாங்கி ஆறு மாதம் போன பிறகு வரும் கேள்வி வேறு. நாளை காலை பரீட்சை, ஹால் டிக்கெட் எடுக்க வேண்டும், பேப்பர் வெள்ளை வெளேரென்று வெளியே வருகிறது. இப்போது என்ன செய்வது?

இதற்குப் பதில் இரண்டு வகைக்கும் இரண்டு விதம். அதனால் இந்த அலசலில் வேகம், விலை, தெளிவு எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, கோளாறை மட்டும் பார்ப்போம். ஒரு பக்கம் எப்சன் எல்3110, எல்3250, கேனான் ஜி வரிசை, எச்.பி. ஸ்மார்ட் டேங்க் போன்ற, தொட்டியில் மை ஊற்றி ஓட்டும் இங்க் டேங்க் மெஷின்கள். மறுபக்கம் எச்.பி. 1020, பி1108, எம்1136, கேனான் எல்பிபி2900 போன்ற சின்ன கருப்பு வெள்ளை லேசர்கள். வக்கீல் அலுவலகம், ஆடிட்டர் அலுவலகம், ஜெராக்ஸ் கடை என்று எங்கே போனாலும் பழைய 1020 அல்லது 2900 ஒன்று மேசை ஓரத்தில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கும். சின்ன கார்ட்ரிட்ஜ் போட்ட மலிவு இங்க்ஜெட்டை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. அதில் மை காய்ந்தால் புது கார்ட்ரிட்ஜ் வாங்குவதைத் தவிர அதிகம் செய்ய ஒன்றுமில்லை. இரண்டு முறை வாங்கினால் பிரிண்டர் விலையே வந்துவிடும்.

என் கணிப்பைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்க் டேங்க் சும்மா கிடந்தால் கெடும். லேசர் ஓடி ஓடித் தேயும். இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் மற்ற எல்லாமே கிளைக்கின்றன.

கோடு விழுகிறது, எழுத்து மங்குகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். இங்க் டேங்க்கில் வரிகளுக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கோடுகள் குறுக்காக ஓடினாலோ, ஒரு நிறம் மட்டும் வராமல் போனாலோ, தாளில் மை தெளிக்கும் ஹெட்டில் இருக்கும் நுண்துளைகளில் மை காய்ந்து அடைத்திருக்கிறது என்று அர்த்தம். முதலில் நாஸில் செக், அதாவது அந்தத் துளைகளைச் சோதிக்கும் பக்கம், ஒன்று அச்செடுத்துப் பாருங்கள். படிக்கட்டு போன்ற அந்தக் கட்டங்களில் எந்த நிறத்தில், எந்த இடத்தில் கோடு அறுந்திருக்கிறது என்று தெரியும். அப்புறம் ஹெட் கிளீனிங் ஒரு முறை, மறுபடி நாஸில் செக். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகும் மாறவில்லை என்றால் நிறுத்திவிட்டு, பிரிண்டரை அணைத்து ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காய்ந்த மை ஊறி இளகவும், உள்ளே போன காற்றுக்குமிழி அடங்கவும் நேரம் வேண்டும். பதறிப்போய் பத்து முறை கிளீனிங் கொடுப்பவர்களுக்கு இரண்டு நஷ்டம். தொட்டியில் மை இறங்கும். இறங்கிய மை போய்ச் சேரும் இடத்தைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன், அது இன்னும் பெரிய தலைவலி.

ஹெட் அடைப்பதற்கு நம் ஊரில் ஒரு விசேஷக் காரணம் உண்டு: சுவரில் இருக்கும் சுவிட்சை அணைக்கும் பழக்கம். பிரிண்டரின் பவர் பட்டனை அழுத்தினால் அது உடனே அணையாது. கர் கர் என்று சத்தம் வரும், ஹெட் நகர்ந்து ஓரத்துக்குப் போகும், அங்கே ரப்பர் விளிம்பு வைத்த ஒரு மூடி கீழிருந்து எழுந்து துளைகளை மூடும். அதற்குப் பிறகுதான் விளக்கு அணையும். அந்தச் சத்தம் முடிவதற்குள் சுவரில் சுவிட்சைத் தட்டினால் ஹெட் நடுவழியில் திறந்தபடியே நின்றுவிடும். மூடி போடாத பேனாவைச் சித்திரை வெயிலில் விட்ட மாதிரிதான். பட்டனில் அணைத்து, விளக்கு போன பிறகு சுவிட்சை அணையுங்கள். வாரம் ஒரு முறையாவது நான்கு நிறமும் வருகிற மாதிரி ஒரு பக்கம் எடுங்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிற வீட்டில் இதுதான் முடியாமல் போகிறது, ஜூனில் பள்ளி திறக்கும்போது சர்வீஸ் கடையில் வரிசை நிற்கிறது.

அடைப்பு எதற்குமே இளகவில்லை என்றால் பிராண்ட் முக்கியமாகிறது. எப்சனில் ஹெட் மெஷினோடு சேர்ந்தது. மாற்றுவது சர்வீஸ்காரர் வேலை, செலவும் பிரிண்டர் விலையில் ஒரு பெரும் பங்காக இருக்கும். கேனான் ஜி வரிசையிலும் எச்.பி. டேங்க் மாடல்களிலும் ஹெட்டைக் கையாலேயே கழற்றிப் புதிது போடலாம். மாதக் கணக்கில் சும்மா கிடக்கும் வீட்டுக்கு, இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டாவது வகையைச் சொல்வேன்.

சரி, லேசர்? இதில் காய்வதற்கு ஈரமே இல்லை. உள்ளே இருப்பது டோனர் தூள். ஒரு வருடம் துணி போட்டு மூடி வைத்திருந்தாலும், எடுத்து பிளக்கில் செருகினால் முதல் பக்கமே ஒழுங்காக வர வாய்ப்பு அதிகம். அதில் வரும் கோளாறுகள் தேய்மானத்தால் வருபவை. அதனால் அவற்றைப் பக்கத்தைப் பார்த்தே படிக்கலாம். எனக்கு லேசர் மேல் இருக்கும் மரியாதைக்குக் காரணமே இதுதான்.

மேலிருந்து கீழாக ஒரு பட்டை மட்டும் மங்கலாக இருந்தால் தூள் தீர்ந்துவருகிறது. கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து இடமும் வலமுமாக ஐந்தாறு தடவை மெல்ல ஆட்டிப் போட்டால் இன்னும் கொஞ்சம் பக்கங்கள் ஓடும். மேலிருந்து கீழாகக் கூர்மையான கருங்கோடு நேராக ஓடினால் டிரம்மில், அதாவது தூளைத் தாளுக்கு மாற்றும் உருளையில், கீறல், அல்லது டிரம்மைத் துடைக்கும் பிளேடு முனை மழுங்கிவிட்டது. ஒரே புள்ளி சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப விழுந்தால் ஸ்கேலை எடுங்கள். இடைவெளி ஏறக்குறைய 75 மில்லிமீட்டர் என்றால் குற்றவாளி டிரம். 1020, 2900 போன்றவற்றில் டிரம்மின் குறுக்களவு 24 மில்லிமீட்டர்தான். ஒரு சுற்று சுற்றினால் அந்த நீளம் வரும், ஏ4 தாளில் அதே கறை மூன்று நான்கு முறை விழும். டிரம்மை மட்டும் தனியாக மாற்றிக்கொள்ளலாம்.

எழுத்து நன்றாக விழுந்து, விரலால் தேய்த்தால் உதிர்ந்து வருகிறதா? அப்போது பிரச்சினை கார்ட்ரிட்ஜில் இல்லை, பின்னால் இருக்கும் ஃபியூசரில். தூளைச் சுமார் 200 டிகிரி சூட்டில் உருக்கித் தாளோடு ஒட்ட வைப்பது அதுதான். அதன் மேல் சுற்றியிருக்கும் மெல்லிய உறையை மெக்கானிக்குகள் டெஃப்லான் என்பார்கள். அது கிழிந்தால் எழுத்து ஒட்டாது, தாளும் விசிறி போல மடிந்து சிக்கும். இரண்டில் எது என்று சந்தேகம் இருந்தால் ஒரு எளிய வழி உண்டு. அச்சாகும்போதே பாதியில் கதவைத் திறந்து, இன்னும் ஃபியூசருக்குள் போகாத பாதித் தாளைப் பாருங்கள். அங்கே எழுத்து சரியாக இருந்தால் கார்ட்ரிட்ஜ் நல்லது, கோளாறு ஃபியூசரில். இவ்வளவு தெரிந்துகொண்டு கடைக்குப் போனால், கார்ட்ரிட்ஜ், ஃபியூசர் இரண்டையும் மாற்றச் சொல்லி யாரும் உங்கள் தலையில் கட்ட முடியாது.

பேப்பர் இழுக்கவில்லை, சிக்குகிறது

இதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. தாள் உள்ளே போகவில்லை என்றால் தாளை இழுக்கும் பிக்கப் ரோலரின் ரப்பர் வழுவழுத்துப் போயிருக்கிறது. கொஞ்சம் ஈரத் துணியால் துடைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். 1020-இல் கார்ட்ரிட்ஜை எடுத்துவிட்டால் அந்த ரோலர் கைக்கே எட்டும், இரு பக்கக் கொக்கியை நெம்பினால் கழன்று வரும், புதிதின் விலையும் அதிகமில்லை. ஒரே நேரத்தில் மூன்று நான்கு தாள் சேர்ந்து போனால் ரோலருக்கு எதிரே இருந்து தாள்களைப் பிரித்துவிடும் செபரேஷன் பேட் தேய்ந்திருக்கிறது. அதற்கு ஸ்குரூ டிரைவர் வேண்டும்.

சிக்கிய தாளைப் போகிற திசையிலேயே இரண்டு கையாலும் மெதுவாக இழுங்கள். லேசரில் கார்ட்ரிட்ஜை முதலில் எடுத்துவிடுங்கள். ஃபியூசர் பக்கம் கை வைப்பதற்கு முன் ஆற விடுங்கள். இங்க் டேங்க்கில் பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும் தட்டு ஒரு உண்டியல். ஹேர்பின், அழிப்பான், ஜெம் கிளிப், ஒரு ரூபாய் நாணயம், எது வேண்டுமானாலும் உள்ளே விழும். தாள் தொடர்ந்து ஒரே பக்கமாகக் கோணலாகப் போனால் டார்ச் அடித்துப் பாருங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஏதாவது கிடைக்கும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரண்டுமே சண்டித்தனம் செய்யும், காரணம் மெஷின் இல்லை, தாள். ஈரம் இழுத்த தாள் லேசரில் சுருளும், எழுத்தும் சரியாக ஒட்டாது. இங்க் டேங்க்கில் அலை அலையாகி ஹெட்டில் உரசி ஓரங்களில் கருப்பு ஈஷும். கரூர் பக்கம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து டிஎன்பிஎல் தயாரிக்கும் தாளானாலும் சரி, வேறு எதுவானாலும் சரி, பிரித்த கட்டை உறையிலேயே சுற்றி, மேலே ஒரு பாலிதீன் பையில் போட்டு வையுங்கள். தட்டில் தேவையான அளவு மட்டும் இருந்தால் போதும்.

கம்ப்யூட்டர் சொல்வதைக் கேட்கவில்லை

"பிரிண்டர் ஆஃப்லைன்" என்று காட்டினால் பிரிண்டரைத் திட்டுவதில் பயனில்லை. வைஃபை வசதியுள்ள இங்க் டேங்க்கில் பெரும்பாலும் நடப்பது, கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் பிரிண்டருக்கு வேறு ஐபி எண் (நெட்வொர்க்கில் அதன் முகவரி) கொடுத்துவிடும். கம்ப்யூட்டர் பழைய எண்ணிலேயே தேடிக்கொண்டிருக்கும். ரவுட்டர் அமைப்பில் அந்தப் பிரிண்டருக்கு ஒரே எண்ணை ஒதுக்கிவிட்டால் தொல்லை முடிந்தது. மலிவு மாடல்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பழைய லேசர்களில் யுஎஸ்பி மட்டும்தான். அதனால் அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டரில் மாட்டி மற்றவர்களுக்கு ஷேர் செய்வார்கள். 2021 செப்டம்பரில் வந்த விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, 11பி என்று முடியும் பிழை எண்ணைக் காட்டி இந்த ஷேரிங் பல இடங்களில் படுத்துவிட்டது. ஷேர் செய்யும் கம்ப்யூட்டர், எடுக்கும் கம்ப்யூட்டர் இரண்டையுமே முழுதாக அப்டேட் செய்வதுதான் முதல் வழி. யுஎஸ்பி வயரை வேறு ஓட்டையில் மாற்றிச் செருகினால் "காப்பி 1" என்று இன்னொரு பிரிண்டர் முளைக்கும், பழையது ஆஃப்லைன் ஆகும். வயரைப் பழைய இடத்துக்கே மாற்றினால் போதும்.

அழிக்கவே முடியாத பிரிண்ட் வேலை வரிசையில் நின்றால் இரண்டுக்கும் ஒரே மருந்து. விண்டோஸில் சர்வீசஸ் போய், அச்சு வேலைகளை வரிசையில் வைக்கும் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்துங்கள். சிஸ்டம்32-க்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற போல்டரில் இருக்கும் கோப்புகளை மட்டும் அழித்துவிட்டு, ஸ்பூலரை மறுபடி ஓட விடுங்கள்.

மாறி மாறி மினுங்கும் விளக்குகள்

இங்க் டேங்க் வாங்கும்போது யாரும் சொல்லாத விஷயம் இது. ஒவ்வொரு கிளீனிங்கிலும் உறிஞ்சப்படும் மை மெஷினின் அடியில் இருக்கும் பஞ்சுப் பட்டையில் போய்ச் சேர்கிறது. எவ்வளவு சேர்ந்தது என்று மெஷின் உள்ளே கணக்கு வைத்திருக்கும். கணக்கு நிரம்பியதும் பல எப்சன் எல் மாடல்களில் இரண்டு எச்சரிக்கை விளக்குகள் மாறி மாறி மினுங்கும், கேனானில் 5பி00 என்று வரும், மெஷின் ஒரு பக்கம் கூட எடுக்காது. தொட்டி நிறைய மை இருந்தும் வேலை நின்றுவிடும். ரீசெட் மென்பொருளால் கணக்கை மட்டும் பூஜ்யமாக்கிக் கொடுப்பவர்கள் உண்டு. பஞ்சை மாற்றாமல் கணக்கை மட்டும் மாற்றினால் ஒரு நாள் மேசை விரிப்பில் நீலமும் சிவப்புமாக மை வழியும். இணையத்தில் இலவசமாகக் கிடக்கும் ரீசெட் கோப்புகளோடு வைரஸும் சேர்ந்து வருவதுண்டு. பெரிய மாடல்கள் சிலவற்றில் இதற்கென்று நாமே கழற்றி மாட்டும் மெயின்டனன்ஸ் பாக்ஸ் இருக்கிறது. அதிகம் அச்சிடுபவர்கள் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கலாம்.

லேசரிலும் கழிவு உண்டு, ஆனால் அது கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே தனி அறையில் சேரும். 1020-இல் போடும் 12ஏ கார்ட்ரிட்ஜ் புதிதாக வரும்போது 2,000 பக்கக் கணக்கு. அதற்குப் பிறகு நம் ஊரில் யாரும் புதிது வாங்குவதில்லை, ரீஃபில்தான். ரீஃபில் செய்பவர் அந்தக் கழிவு அறையைக் காலி செய்தாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். தூளை மட்டும் நிரப்பிக் கொடுத்தால் சில வாரங்களிலேயே உள்ளே கொட்டி, பக்கம் முழுக்கச் சாம்பல் படரும். தூள் கையிலோ சட்டையிலோ பட்டால் உலர்ந்த துணியால் தட்டிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் கறை ஒட்டிக்கொள்ளும்.

கரண்ட்

இங்க் டேங்க் ஓடும்போது பத்துப் பதினைந்து வாட்தான் இழுக்கும், வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓடும். லேசருக்குச் சில நூறு வாட் வேண்டும், ஹீட்டர் சூடாகும் நொடியில் அறை விளக்கே ஒரு முறை சிமிட்டும். கம்ப்யூட்டர் வைத்திருக்கும் சின்ன யுபிஎஸ்ஸில் லேசரை மாட்டாதீர்கள்; நேராகச் சுவர் பிளக்கில் கொடுங்கள்.

இனி யாருக்கு எது என்று பார்த்தால், பிள்ளைகளின் புராஜெக்ட், போட்டோ, கலர் என்று வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது வேலை இருக்கும் வீட்டுக்கு இங்க் டேங்க். அலுவலகத்துக்கும், மாதத்தில் இரண்டு முறை மட்டும் கருப்பு வெள்ளை எடுக்கும் வீட்டுக்கும் லேசர். இந்த இரண்டாவது கூட்டம்தான் விளம்பரத்தைப் பார்த்துத் தவறாமல் இங்க் டேங்க் வாங்குகிறது.

பழையது வாங்குவதானால் லேசரே மேல், கடையிலேயே சோதித்துவிடலாம் என்பதால். ஒரு முழுக் கருப்புப் பக்கம், ஒரு எழுத்துப் பக்கம், ஒரு வெற்றுப் பக்கம் எடுக்கச் சொல்லுங்கள். வெற்றுப் பக்கத்தில் புள்ளி விழுந்தால் டிரம்மையும், எழுத்து உதிர்ந்தால் டெஃப்லானையும் சொல்லி விலையைக் குறையுங்கள். பழைய இங்க் டேங்க்கில் நாஸில் செக் சுத்தமாக இருந்தாலும், பஞ்சு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தப் பஞ்சை மாற்றும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள். வீட்டுக்குக் கொண்டுவரும்போது ஆட்டோவில் மடியில் சாய்த்து வைக்காமல் படுக்கை மட்டமாக வையுங்கள், தொட்டியில் மை இருக்கிறது.