ப்ளூ நைலும் சர்ச்சஸும்: பல வருடம் கேட்ட பிறகு

சிந்தசைசரை (மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் கீபோர்டு) நம்பிப் பாப் பாட்டு போட்ட ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரக் குழுக்களில், என்னிடம் நிலைத்து நின்றவை இரண்டு. 1981-இல் தொடங்கிய தி ப்ளூ நைல், 2011-இல் தொடங்கிய சர்ச்சஸ். நடுவில் முப்பது வருட இடைவெளி. இரண்டிலும் மூன்று பேர், ஊரும் ஒன்றே. இருந்தும், வருடக்கணக்கில் கேட்கும்போது இரண்டும் வேறு வேறு விதமாக உழைக்கின்றன. புதிதாகக் கேட்கப் போகிறவர்களுக்கு அதைத்தான் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் ப்ளூ நைல். பால் புக்கானன் பாடுகிறார், ராபர்ட் பெல் பேஸ் கிட்டார், பால் ஜோசப் மூர் கீபோர்டு. முதல் ஆல்பம் 'எ வாக் அக்ராஸ் தி ரூஃப்டாப்ஸ்' 1984-இல் வந்தது. அதை வெளியிட்டது லின். கிளாஸ்கோவில் டர்ன்டேபிள், அதாவது இசைத்தட்டு சுழற்றும் கருவி, செய்து பேர் வாங்கிய ஆடியோ நிறுவனத்தின் இசை வெளியீட்டு லேபிள் அது. ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் லோதியன் பகுதியில் உள்ள காசில்சவுண்ட் ஸ்டூடியோவில் கேலம் மால்கம் ஒலிப்பதிவு செய்தார். நல்ல ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தால், ஒவ்வொரு ஒலியும் தனக்கென்று ஓர் இடம் பிடித்து நிற்பது தெரியும். இரண்டு ஒலிகளுக்கு நடுவில் காலி இடம் இருக்கும், அதை நிரப்ப யாரும் அவசரப்படவில்லை. அடுத்த ஆல்பத்துக்கு ஐந்து வருடம் ஆனது. பதிவு செய்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்கியவர்கள் அவர்கள். அப்படி 1989-இல் வந்ததுதான் 'ஹேட்ஸ்'. மொத்தம் ஏழே பாட்டு, நாற்பது நிமிடம்கூட வராது. எனக்கு ஸ்காட்லாந்து பாப் இசையின் உச்சம் இதுதான்.

அதில் 'தி டவுன்டவுன் லைட்ஸ்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ட்ரம் மெஷின் ஒரே தாளத்தைப் பிடித்துக்கொண்டு ஆறு நிமிடத்துக்கு மேல் போகிறது. பின்னால் சிந்தசைசர் மெல்ல விரிகிறது. புக்கானன் ரொம்ப நேரம் குரலை அடக்கியே வைத்திருக்கிறார். கடைசிப் பகுதியில்தான் தெருவில் கண்ணில் படுகிறதையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார். நியான் விளக்கு, வாடகை அறை, ஆளில்லாத பார். அந்த இடத்தில் குரல் உடைகிறது. ஐந்து நிமிடம் பொறுத்திருந்தவருக்குத்தான் அந்த உடைசல் முழுதாகக் கிடைக்கும். நேராக அங்கே தாவினால் ஒன்றும் நடக்காது. பாட்டு வேலை செய்யும் விதமே அப்படி.

இதனாலேயே ப்ளூ நைலை எங்கும் எப்போதும் கேட்க முடியாது. பஸ்ஸில், ரோட்டில் கேட்டால் பாதி காணாமல் போய்விடும். 'ஃப்ரம் எ லேட் நைட் ட்ரெயின்' பாட்டில் பியானோ, ஒரு ட்ரம்பெட், குரல், அவ்வளவுதான். பக்கத்து சீட்டுக்காரர் போனில் பேசினாலே அது முடிந்தது. வீட்டில், இரவில், மற்ற வேலையெல்லாம் ஓய்ந்த பிறகுதான் போட வேண்டும். இன்னொரு குறை, இருப்பு ரொம்பக் குறைவு. 1996-இல் ஒன்று, 2004-இல் ஒன்று, மொத்தமே நான்கு ஆல்பம். பின்னால் வந்த இரண்டிலும் நல்ல பாட்டுகள் உண்டு, ஆனால் முதல் இரண்டின் பக்கத்தில் நிற்காது.

அப்புறம் சர்ச்சஸ். லாரன் மேபெரி, இயன் குக், மார்ட்டின் டோஹர்ட்டி. முதல் ஆல்பம் 'தி போன்ஸ் ஆஃப் வாட் யூ பிலீவ்' 2013-இல் வந்தது. இவர்களைக் கேட்கக் காத்திருக்கவே வேண்டாம். 'தி மதர் வீ ஷேர்' தொடங்கும்போதே குரலை வெட்டி ஒட்டிய துண்டுகள் காதைப் பிடித்துக்கொள்கின்றன. கோரஸ் வருவதற்குள் மெட்டு மனப்பாடம். பஸ், நடை, சமையல் என்று எங்கும் எடுபடும்.

இவ்வளவு சுலபமாகப் பிடிக்கிற பாட்டு சீக்கிரம் சலித்துவிடும் என்பார்கள். இங்கே அப்படி ஆகவில்லை, அதற்குக் காரணம் வரிகள். மேபெரியின் குரல் தேன் மாதிரி இருக்கும், வார்த்தையில் கத்தி இருக்கும். 'கன்' பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள் வரிகளைக் கவனித்தால், அது நேரடியான மிரட்டல் என்று தெரியும். அவர் சட்டம் படித்தவர், இதழியலும் படித்தவர். தனக்கு இணையத்தில் வந்த ஆபாச மிரட்டல்களைப் பற்றி 2013-இலேயே கார்டியன் என்ற பிரிட்டிஷ் நாளிதழில் பெயர் போட்டு எழுதினார். அந்தக் கோபம் 2021-இல் வந்த 'ஸ்கிரீன் வயலன்ஸ்' ஆல்பம் முழுக்க ஓடுகிறது. தி க்யூர் என்ற ஆங்கில ராக் குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித் அதில் ஒரு பாட்டில் சேர்ந்து பாடியிருக்கிறார். குழுவின் முதிர்ந்த ஆல்பம் என்று அதைத்தான் சொல்வேன்.

பாட்டு கட்டும் திறமைக்கு 2015-இல் வந்த 'கிளியரஸ்ட் ப்ளூ' போதும். இரண்டு நிமிடத்துக்கும் மேல் ஏறிக்கொண்டே போகும், வெடிக்கவே வெடிக்காது. பிறகு சிந்தசைசர் மெட்டு மொத்தமாக வந்து விழும்போது உட்கார்ந்திருக்க முடியாது. யோசித்தால், புக்கானன் ஐந்து நிமிடத்தில் செய்த அதே வேலைதான் இது.

குறையும் உண்டு. ஹெட்போனில் ஒரு ஆல்பத்தை முழுதாகக் கேட்டு முடிக்கும்போது என் காது களைத்துவிடுகிறது. ஒலி தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே உயரத்தில் நிற்கிறது, மூச்சுவிட இடமில்லை. 2018-இல் வெளித் தயாரிப்பாளர்களைச் சேர்த்துக்கொண்டு செய்த 'லவ் இஸ் டெட்'டில் இது அதிகம். நான் அதை இப்போது எடுப்பதே இல்லை.

ஒரே ஒரு ஆல்பம்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் யோசிக்காமல் 'ஹேட்ஸ்' எடுப்பேன். பத்துப் பாட்டு பொறுக்கச் சொன்னால் அதில் ஏழு சர்ச்சஸாக இருக்கும். வாரநாளில் சர்ச்சஸ், சனிக்கிழமை இரவில் ப்ளூ நைல் என்று எனக்குப் பழகிவிட்டது.

2024-இல் டெய்லர் ஸ்விஃப்ட் ஒரு பாட்டில் ப்ளூ நைல் பெயரைச் சொன்னதிலிருந்து இளையவர்கள் நிறைய பேர் தேடி வருகிறார்கள். சர்ச்சஸ் வேகத்துக்குப் பழகிய காதுக்கு 'ஹேட்ஸ்' முதலில் மந்தமாகத் தோன்றலாம். அப்படிப்பட்டவர்கள் ப்ளூ நைலின் 1984 ஆல்பத்தில் உள்ள 'டின்சல்டவுன் இன் தி ரெயின்' பாட்டிலிருந்து தொடங்கட்டும். அதில் ராபர்ட் பெல்லின் பேஸ் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். 'ஹேட்ஸ்' பக்கம் வரும்போது பாட்டுகளைக் கலைத்துப் போடும் ஷஃபிளை அணைத்துவிட்டு, முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேளுங்கள்.