பழைய டகோமாவா, புதிய ஃபிரண்டியரா: நடுத்தர பிக்கப் வாங்குவோருக்கு ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் நடுத்தர அளவு பிக்கப் வாங்க நினைக்கும் நம்மவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஒரு முடிவோடுதான் தேடத் தொடங்குகிறார்கள். டொயோட்டாவின் கேம்ரியும் சியன்னாவும் பல ஆண்டுகள் தொல்லையின்றி ஓடிய அனுபவத்தில், பழையதாக ஒரு டொயோட்டா டகோமா கிடைத்தால் போதும் என்பதே அந்த முடிவு. அதை நான் முழுதாக மறுக்க மாட்டேன். ஆனால் இந்தப் பிரிவில் உள்ள வண்டிகளின் வரலாற்றைப் பார்த்தால், பழைய பிக்கப் வாங்குகிறவர் நிறுவனத்தின் பெயரைவிடத் தயாரிப்பு ஆண்டுக்கே அதிக மதிப்புத் தர வேண்டும் என்று தோன்றுகிறது. ஒரே பெயர் தாங்கி, ஒரே தோற்றத்தில், ஓராண்டு இடைவெளியில் வந்த இரண்டு வண்டிகளுக்கு எஞ்சினும் கியர்பாக்ஸும் வெவ்வேறாக இருக்கின்றன. ஒன்றில் பெயர்போன குறைபாடு இருக்க, மற்றதில் அது அறவே இல்லாமல் போகிறது.

தெரிவுகள் இங்கு குறைவு. டகோமா, நிஸான் ஃபிரண்டியர், ஃபோர்டு ரேஞ்சர், செவ்ரலே கொலராடோ, அதன் உடன்பிறப்பான ஜி.எம்.சி. கேன்யன், ஹோண்டா ரிட்ஜ்லைன், ஜீப் கிளேடியேட்டர் ஆகியவற்றோடு பட்டியல் முடிந்துவிடும். அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பிய நாடுகள் விதித்த தீர்வைக்குப் பதிலடியாக, இறக்குமதியாகும் இலகு டிரக்குகளின் மீது 1964-இல் அமெரிக்கா சுமத்திய 25 விழுக்காடு வரி இதற்கு ஒரு முக்கியக் காரணம். இன்றும் அதற்குக் ‘கோழி வரி’ என்றுதான் பெயர். சென்னைச் சாலைகளில் தென்படும் ஹைலக்ஸும் இசுசூ வி-கிராஸும் இங்கே விற்கப்படாததற்கும், டகோமா மெக்சிகோவிலும், ஃபிரண்டியர் மிசிசிப்பியிலும், ரிட்ஜ்லைன் அலபாமாவிலும் தயாராவதற்கும் பின்னால் அந்தக் கோழிகளுக்கும் பங்குண்டு.

எந்த வண்டி என்று கேட்பதற்கு முன்னால், அதில் எதை ஏற்றப்போகிறோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. விளம்பரங்கள் இழுவைத்திறனைத்தான் பெரிதாக எழுதும். ஆறாயிரம், ஏழாயிரம் பவுண்டு என்ற எண்களைப் பார்த்து மயங்கி வாங்குகிறவர்கள், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் சிறிய ஒட்டுத்தாளைப் படிப்பதில்லை. பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கென்றே அச்சிடப்பட்ட எண் அதில் இருக்கும். நான்கு கதவுகளும் நான்கு சக்கர இயக்கமும் கொண்ட, கரடுமுரடான பாதைக்கென்று அலங்கரித்த வகைகளில் அது பெரும்பாலும் 1,100-இலிருந்து 1,300-க்குள் நிற்கும். நான்கு பெரியவர்கள் ஏறினால் ஏறக்குறைய 700 பவுண்டு அங்கேயே தீர்ந்துவிடும். மீதமிருக்கும் 400 முதல் 600 பவுண்டில் 4,000 பவுண்டு டிரெய்லர் ஒன்றை மாட்டினால், அதன் முன்பாரம் பத்திலிருந்து பதினைந்து விழுக்காடு, அதாவது 400 முதல் 600 பவுண்டு, வண்டியின் பின்புறத்தில் இறங்கும். இழுவைத்திறனில் இன்னும் இரண்டாயிரம் மூவாயிரம் பவுண்டு மிச்சமிருக்கும்போதே சுமைத்திறன் தீர்ந்துபோகும்.

தோட்டக்காரர்களுக்கும் இதே கணக்குதான். ஒரு கன கெஜம் மண் இரண்டாயிரம் பவுண்டைத் தாண்டும். பின்தொட்டியில் இடமிருக்கிறது என்பதற்காக மண் விற்பவர் அள்ளிப் போடுவதை ஏற்றுக்கொண்டால், இந்தப் பிரிவின் எந்த வண்டியும் வரம்பை மீறிவிடும். மரப்பட்டைத் தூள் இலகுவானது, அதை ஒரு கெஜம் வரை ஏற்றலாம். அதே வண்டியில் விலையுயர்ந்த வகைக்குப் போகப் போக, கண்ணாடிக் கூரை, தோல் இருக்கை, இரும்புத் தடுப்பு என்று கூடும் ஒவ்வொன்றின் எடையும் இந்த எண்ணிலிருந்துதான் கழிகிறது. வேலைக்கு என்று வாங்குகிறவர்கள் அலங்காரமற்ற கீழ்வகையை எடுப்பது சிக்கனம் மட்டுமல்லாமல் பொறியியல் நோக்கிலும் சரியானது.

இனி டகோமா. 1995-இல் தொடங்கிய இந்தப் பெயரின் பெருமைக்குள் ஒரு பெரிய துரு கதையும் இருக்கிறது. அடிச்சட்டத்துக்குப் போதிய துருத்தடுப்புப் பூச்சு இல்லாததால், பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலங்களில் ஓடிய முதல் தலைமுறை வண்டிகளின் சேசிஸ் உள்ளிருந்தே அரித்துப் போனது. 2008-இல் டொயோட்டா அவற்றில் மோசமானவற்றைச் சந்தை மதிப்பைவிட ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்ப வாங்கியது. இரண்டாம் தலைமுறையில் 2005 முதல் 2010 வரையிலான வண்டிகளிலும் அதே துருச் சிக்கல் தொடர்ந்து, அது வழக்கானது. டொயோட்டாவின் டண்ட்ரா, செக்வோயா வண்டிகளில் சில ஆண்டுகளையும் சேர்த்து ஏறத்தாழ 15 லட்சம் வண்டிகளுக்கு, 340 கோடி டாலர் வரை ஆகலாம் என்று மதிப்பிடப்பட்ட சமரசம் 2016-இல் எட்டப்பட்டது. அதன்படி அடிச்சட்டம் மாற்றித் தரும் கால வரம்பு இப்போது முடிந்துவிட்டது. எனவே அந்த ஆண்டுகளின் டகோமாவை இன்று வாங்குகிறவர், அடிச்சட்டம் மாற்றப்பட்டதற்கான பணிச்சீட்டு இருந்தால் வாங்கலாம். அது இல்லாமல் பென்சில்வேனியா, ஒஹாயோ போன்ற இடங்களில் வாழ்ந்த வண்டி என்றால் எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிடுவதே நல்லது.

2016 முதல் 2023 வரை வந்த மூன்றாம் தலைமுறைதான் இன்று பழைய வண்டிச் சந்தையில் அதிகம் காணப்படுவது. 3.5 லிட்டர் வி6 எஞ்சின் 278 குதிரைத்திறன் தரும் என்றாலும், அதன் முறுக்குவிசை நிமிடத்துக்கு 4,600 சுழற்சியில்தான் உச்சத்தை எட்டும். அதனால் மேட்டில் ஏறும்போது ஆறு கியர் தானியங்கிப் பெட்டி ஓயாமல் கீழும் மேலுமாகக் கியர் தேடிக்கொண்டிருக்கும் என்பது உரிமையாளர்களின் பழைய குறை. எஞ்சின் உறுதியானது, ஆனால் கியர்பாக்ஸோடு அதற்குக் கடைசி வரை மனம் ஒத்துப்போகவில்லை. 2016, 2017 வண்டிகளில் பின் சக்கரங்களுக்கு விசையைப் பகிரும் டிஃபரென்ஷியலில் எண்ணெய் கசிவதற்காக இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்ப அழைக்கப்பட்டன. தாமாகவே பிரேக் போடும் பாதுகாப்பு வசதிகள் 2018-இலிருந்து எல்லா வகைகளிலும் வந்தன. கைபேசியை வண்டித் திரையோடு இணைக்கும் ஆப்பிள் கார்ப்ளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் 2020-இல்தான் வந்தன. காலை நீட்டி உட்கார வேண்டிய தாழ்ந்த ஓட்டுநர் இருக்கைக்கு மின்னியக்க மாற்றமும் அதே ஆண்டில்தான். ஆக, பழைய டகோமாதான் வேண்டும் என்றால் 2020 முதல் 2023 வரை என்று தேடலைச் சுருக்கிக்கொள்வதே என் பரிந்துரை.

சிக்கல் விலையில் இருக்கிறது. டகோமா மதிப்பிழக்காது என்ற புகழ் விற்பவருக்கு வரம், வாங்குகிறவருக்குச் சுமை. மூன்று நான்கு ஆண்டு ஓடி, ஐம்பதாயிரம் மைல் கடந்த வண்டிக்குப் புதியதன் விலைக்கு மிக நெருங்கிய தொகையைக் கேட்கிறார்கள். பழைய வண்டிக்கான கடன்வட்டி புதியதைவிட ஒன்றிரண்டு புள்ளிகளாவது கூடுதலாக இருப்பது வழக்கம் என்பதால், மாதத் தவணையில் பார்த்தால் அந்தச் சிறிய விலைக் குறைவும் கரைந்துவிடும். உத்தரவாதக் காலத்தின் பெரும்பகுதியும் முந்தைய உரிமையாளரோடு போயிருக்கும். பழையது வாங்கினால் பணம் மிச்சமாகும் என்ற பொதுவிதி டகோமாவிடம் தோற்றுப்போகிறது. அப்படியானால் புதிய டகோமாவையே வாங்கலாமே என்றால், 2024-இல் வந்த நான்காம் தலைமுறையில் வி6 போய் 2.4 லிட்டர் டர்போ எஞ்சினும் எட்டு கியர் பெட்டியும் வந்திருக்கின்றன. முறுக்குவிசை கீழ்ச்சுழற்சியிலேயே கிடைப்பதால் ஓட்டுவதற்கு முந்தையதைவிடப் பல மடங்கு மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் முதல் ஆண்டு வண்டிகளின் கியர்பாக்ஸ் பற்றிப் புகார்கள் எழுந்தன. எந்த நிறுவனமானாலும் புதிய தலைமுறையின் முதல் ஆண்டைத் தவிர்ப்பது என்ற பழைய எச்சரிக்கை டொயோட்டாவுக்கும் பொருந்தும்.

இதற்கு மாறாக, நம்மவர்கள் ஏறெடுத்தும் பார்க்காத ஃபிரண்டியரின் கதை எனக்கு மிகச் சுவையானதாகப் படுகிறது. 2005-இல் வந்த உடலை 2021 வரை மாற்றாமல் ஓட்டிய நிஸானை எல்லோரும் கேலி செய்தார்கள். அந்த நீண்ட காலத்தின் முன்பகுதியில், 2005 முதல் 2010 வரை, ஒரு கொடிய குறைபாடு இருந்தது. தானியங்கிக் கியர்பாக்ஸின் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே அமைந்திருந்தது. அது விரிசல் விட்டதும் கூலன்ட் எண்ணெயோடு கலந்து, ஸ்ட்ராபெரி மில்க் ஷேக் போன்ற இளஞ்சிவப்புக் குழம்பாகி, கியர்பாக்ஸை முழுதாக அழித்துவிடும். சில நூறு டாலர் பெறும் ரேடியேட்டர் சில ஆயிரம் டாலர் பெறும் பெட்டியைக் கொன்றது. ரேடியேட்டரை மாற்றியதற்கோ, வெளியே தனிக் குளிர்விப்பான் பொருத்தியதற்கோ சான்று இல்லாத அந்த ஆண்டுகளின் தானியங்கி ஃபிரண்டியரை வாங்கவே கூடாது. அதே வண்டி, 2011-க்குப் பின், 261 குதிரைத்திறன் தரும் 4.0 லிட்டர் வி6 எஞ்சினோடு, பெட்ரோலை நிறையக் குடித்தாலும் உழைக்க அஞ்சாத எளிய வாகனமாகிவிட்டது.

2020-இல் நிஸான் ஒரு விசித்திரம் செய்தது. அடுத்த தலைமுறைக்கென்று உருவாக்கிய 3.8 லிட்டர் வி6 எஞ்சினையும் ஒன்பது கியர் பெட்டியையும், புதிய உடல் தயாராகும் முன்பே பழைய உடலில் பொருத்தி விற்றது. 310 குதிரைத்திறன், டர்போ இல்லை. வெளித்தோற்றம் பதினைந்து ஆண்டுப் பழையது, உள்ளே துடிப்பது 2022-இல் வரப்போகும் வண்டியின் இதயம். அந்தத் தோற்றத்தின் காரணமாகவே 2020, 2021 வண்டிகளைச் சந்தை குறைத்து மதிப்பிடுகிறது. பழைய நடுத்தர பிக்கப்பில் கொடுத்த பணத்துக்கு மிகுதியான வண்டி கிடைப்பது இந்த இரண்டு ஆண்டுகளில்தான் என்பது என் உறுதியான கருத்து. நவீனப் பாதுகாப்புக் கருவிகள் இதில் குறைவு, உட்புறம் பிளாஸ்டிக் மயம். பிள்ளைகளைப் பின்னால் உட்காரவைத்துத் தினமும் பள்ளிக்குப் போகிறவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு 2022-க்குப் பிந்தைய உடல்தான் ஏற்றது. அதிலும் ஸ்டீயரிங் பழைய ஹைட்ராலிக் முறையில் இருப்பதால் நிறுத்துமிடங்களில் கை வலிக்கத் திருப்ப வேண்டியிருக்கும். 2020 முதல் 2023 வரையிலான ஃபிரண்டியர்கள், பார்க்கிங் கியரில் நிறுத்திய பிறகும் உருளக்கூடும் என்று 2022-இல் திரும்ப அழைக்கப்பட்டவை என்பதால், அந்தப் பழுது நீக்கப்பட்டதா என்று கேட்டே வாங்க வேண்டும்.

ரேஞ்சரையும் கொலராடோவையும் சுருக்கமாகவே சொல்லலாம். அமெரிக்காவில் 2011-உடன் நின்று 2019-இல் திரும்பி வந்த ரேஞ்சருக்கு 2.3 லிட்டர் டர்போ எஞ்சினும் பத்து கியர் பெட்டியும் உண்டு. எஞ்சின் அருமை, கியர் மாற்றத்தில் உலுக்கல் வருவதாகப் புகார்கள் உண்டு, ஆகவே எஞ்சின் சூடேறும் வரை ஓட்டிப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். கொலராடோவின் 2017-க்குப் பிந்தைய வி6 வண்டிகளில் எட்டு கியர் பெட்டி குறைந்த வேகத்தில் அதிர்வது பெயர்பெற்ற நோய். வேறு வகை எண்ணெய்க்கு மாற்றுவது அதற்கு மருந்து. டிரெய்லர் இழுப்பதே முதல் தேவை என்றால், 2016 முதல் 2022 வரை கிடைத்த அதன் 2.8 லிட்டர் டீசல் 7,700 பவுண்டு வரை இழுத்தது. கிளேடியேட்டர், கூரையைக் கழற்றி ஓட்டும் ஆசை உள்ளவர்களுக்கானது, அந்த ஆசைக்கு நான் விலை சொல்ல முடியாது.

ரிட்ஜ்லைனைப் பிக்கப் என்று ஒப்பாத பிடிவாதக்காரர்கள் இருக்கிறார்கள். தனி அடிச்சட்டம் இல்லாமல் கார் போலக் கட்டிய உடல், 5,000 பவுண்டு இழுவை, மலைப்பாதைக்கான தாழ்கியர் கிடையாது. எல்லாம் உண்மைதான். ஆனால் நான்கு அடி அகல ஒட்டுப்பலகையை இரு சக்கர வளைவுகளுக்கு நடுவே தட்டையாகக் கிடத்த இதன் பின்தொட்டி வசதியானது. டகோமாவில் அந்தப் பலகை வளைவுகளின் மேல்தான் உட்காரும். தொட்டிக்கு அடியில் பூட்டக்கூடிய பெட்டியும் இருக்கிறது. வார இறுதிக் கடைச் சாமான், தமிழ்ச் சங்க விழாவுக்கு மேடைப் பொருள்கள், ஆண்டுக்கு இருமுறை மரப்பட்டைத் தூள் என்பதே பயன்பாடு என்றால், நேர்மையாகச் சொல்லப்போனால் நம்மில் பலருக்குத் தேவையான பிக்கப் இதுதான். பழையதை வாங்குகிறவர்கள் டைமிங் பெல்ட்டை மறக்கக் கூடாது. ஒரு லட்சம் மைலை ஒட்டி அதை மாற்ற வேண்டும், 95,000 மைலில் விற்பனைக்கு வரும் வண்டிகளின் விலையில் அந்தச் செலவைக் கழித்துக் கேட்க வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும், வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணைத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் இட்டு, முடிக்கப்படாத திரும்ப அழைப்புகள் உள்ளனவா என்று பார்ப்பதற்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. வரலாற்று அறிக்கையில் விபத்தைத் தேடுவதோடு, வண்டி எந்த மாநிலங்களில் பதிவாகியிருந்தது என்பதையும் படியுங்கள். டெக்சாஸில் விற்பனைக்கு நிற்கும் வண்டி பத்துப் பனிக்காலங்களை மிச்சிகனில் கழித்ததாக இருக்கலாம். டார்ச் விளக்கோடு அடியில் படுத்து, பின் சக்கரங்களுக்கு அருகே, பட்டை வில்கள் (லீஃப் ஸ்பிரிங்) இணையும் இடங்களில் அடிச்சட்டத்தைச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்ற ஒலி வர வேண்டும், மொத்தென்று கேட்டாலோ செதில் உதிர்ந்தாலோ எழுந்துவிடலாம். புதிதாகத் தடித்த கறுப்பு ரப்பர் பூச்சு பூசியிருந்தால் கூடுதல் ஐயம் கொள்ளுங்கள். அது ஈரத்தை உள்ளே அடைத்துத் துருவை மறைக்கும். வாங்கிய பின் உங்கள் செலவில் பூசுவதென்றால், காயாத எண்ணெய் வகைப் பூச்சை ஒவ்வோர் ஆண்டும் உப்புக் காலம் தொடங்கும் முன், அடிச்சட்டத்தின் உட்குழிகளுக்குள்ளும் போகும்படி அடிக்கச் சொல்லுங்கள்.