நான்கு வார விடுமுறையில் ஆக்குபேஷனல் தெரபி: ஊரில் கிடைத்ததும் கிடைக்காததும்

உடல் அசைவுகளை ஒருங்கிணைக்கத் தடுமாறும் பிள்ளையோடு வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தால், ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சை) மையங்களில் விமானம் இறங்கிய மூன்றாம் நாளே அசெஸ்மென்ட்டுக்குத் தேதி தருகிறார்கள். வாங்காதீர்கள். தூக்கம் கலைந்த பிள்ளைக்கு ஒற்றைக்காலில் நிற்பதும் பந்து பிடிப்பதும் இன்னும் மோசமாகத்தான் வரும். நேர வித்தியாசத்தில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு நாள் என்று கணக்கு வைத்து, அதற்குப் பிறகு போவது நல்லது. கண் பரிசோதனையும் அதற்கு முன்பே முடிந்திருக்கட்டும்.

பெரும்பாலும் வைக்கப்படுவது மூவ்மென்ட் ஏபிசி-2 சோதனை. கைவேலை, எறிதல்-பிடித்தல், சமநிலை என்று மூன்று பகுதிகள். 20 முதல் 40 நிமிடம் பிடிக்கும். சில மாதங்களுக்குள் இதே சோதனையை வேறெங்காவது செய்திருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பழக்கத்தால் மதிப்பெண் கூடிவிட்டால், பிள்ளை தேறிவிட்டதாக அறிக்கை வரும். ரிப்போர்ட்டில் பெர்சென்டைல் (அதே வயதுப் பிள்ளைகள் நூறு பேரில் எத்தனை பேர் இந்தப் பிள்ளையின் அளவிலோ அதற்குக் கீழோ இருக்கிறார்கள் என்பது) எண்ணாகவே இருக்கிறதா என்று பாருங்கள். 5-ம் அதற்குக் கீழும் என்றால் சிக்கல் தெளிவு. 6 முதல் 15 வரை கவனித்து வரவேண்டிய நிலை. ஓரிடத்தில் எண் எதுவும் இல்லாமல் 'சென்சரி பிரச்சினை' என்று இரண்டே சொல் எழுதித் தந்தார்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு எந்தப் பள்ளியிலும் எதுவும் கேட்க முடியாது. டிஸ்பிராக்ஸியாவும் (அசைவுகளை ஒருங்கிணைப்பதில் வரும் அந்தத் தடுமாற்றம்) புலன் கூருணர்வும் (சத்தம், தொடுதல் போன்றவை அளவுக்கு மீறி உறைப்பது) ஒரே பிள்ளையிடம் சேர்ந்து வரலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல நோயறிதல் கையேடு முன்னதைத் தனி நோயறிதலாக வைத்திருக்கிறது. பின்னதைத் தனியாக வைக்கவில்லை.

புலன் உணர்வுக்கான கேள்வித்தாளைப் பெற்றோர் நிரப்ப வேண்டும், அதுவும் வழக்கமான வீட்டை மனதில் வைத்து. புது இடம், புது வாசனை, நாள் முழுக்க உறவுக்கூட்டம் என்றிருக்கும் முதல் வாரத்தில் தாத்தா பாட்டி நிரப்பினால் எல்லாமே 'எப்போதும்' என்றுதான் விழும்.

இனி தெரபி. ஊஞ்சல், பந்துக்குளம், கனமான ஜாக்கெட் என்று நிறைந்த அறையைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிடுகிறது. பிள்ளைக்கும் அது பிடிக்கும், தவறில்லை. ஆனால் ஊஞ்சலாடிச் சட்டை பட்டன் போட வராது. டிஸ்பிராக்ஸியாவுக்காக 2019-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும் எந்த வேலை வரவேண்டுமோ அந்த வேலையையே பழக்கச் சொல்கிறது.

இன்னொரு மையத்தில் அதைக் கண்ணால் பார்த்தோம். பிள்ளையின் சொந்தச் சட்டை, வயிற்றுக்கு நேரே வரும் பட்டன். தெரபிஸ்ட் காஜா ஓட்டைக்குள் பட்டனைப் பாதி நுழைத்துக் கொடுத்தார். மீதியை இழுப்பது மட்டும் பிள்ளையின் வேலை. அது கைவந்த பிறகுதான் நுழைப்பது. தவறியது எங்கே என்றால், பட்டனைத் தள்ளும்போது காஜாப் பக்கத்தைப் பிடித்த கை தானாக விட்டுவிடும், துணி நழுவும். அவர் கையைப் பிடித்துத் திருத்தவில்லை. "கண்ணா, இந்தக் கை இப்போ என்ன செய்யுது?" என்று கேட்டார். பிள்ளை குனிந்து பார்த்து, தானே, "விட்டுட்டேன். பிடிச்சுக்கணும்" என்றது. அந்தப் பதில் பிள்ளையின் வாயிலிருந்து வரவேண்டும் என்பதுதான் இந்த முறையின் சாரம்: குறிக்கோள், திட்டம், செய்தல், சரிபார்த்தல். கழுத்துப் பட்டன் கண்ணுக்குத் தெரியாது, அதனால் அதைக் கடைசிக்கு வைத்தார்.

இந்த முறைக்குச் சுமார் 10 அமர்வுகள் வேண்டும். வாரம் நான்கு என்றால், தூக்கம் சரியாகக் காத்திருந்த நாட்கள் போக மீதி விடுமுறையில் அடங்கிவிடும், ஒன்றிரண்டு வேலைகளை மட்டும் எடுத்துக்கொண்டால். எழுத்து, சைக்கிள், ஷூ லேஸ், பட்டன் என்று பட்டியல் நீட்டினால் எதுவும் நிலைக்காது.

காத்திருக்கும் இடத்தின் சத்தத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கூருணர்வுள்ள பிள்ளை அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்தால் உள்ளே போகும்போதே தளர்ந்துவிடும். நாளின் முதல் அமர்வைக் கேட்டு வாங்குங்கள். கூட்டமிருந்தால் வெளியே நின்று, அழைத்ததும் உள்ளே போகலாம். காதை மூடும் ஹெட்ஃபோன் அந்த நேரத்துக்கு உதவும். நாள் முழுக்க மாட்டிவிட்டால் சாதாரணச் சத்தமும் பிறகு தாங்க முடியாததாகிவிடும்.

கடைசி அமர்வில் கைகள் மட்டும் தெரியும்படி, பக்கவாட்டிலிருந்து ஒரு நிமிஷம் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் படி தானாக வருகிறது, எதற்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது என்று தெரபிஸ்ட் கையால் நாலு வரி எழுதி வாங்குங்கள். திரும்பிப் போனதும் அங்கிருப்பவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.